உடன்படிக்கைக்குச் சுட்ட ரொட்டி

ஊருக்கு நடுவே முள்வேலி போட்டவன் கை அழுகிப்போகட்டும் என்று வென்கா தினமும் சபிப்பாள். வேலிக்கு இந்தப் பக்கம் பல்கேரியா, அந்தப் பக்கம் யூகோஸ்லாவியா. போர்க்காலத்தில் வேலியைப் பிடுங்கி எறிந்திருந்தபோது மகள் ஸ்தானாவை எதிர்ப்பக்கம் கட்டிக்கொடுத்தாள். போர் முடிந்தது, வேலி திரும்பி வந்துவிட்டது.

அந்த ஊரில் பிறப்போ இறப்போ, வேலியோரம் நின்று கூவித்தான் சேதி சொல்வார்கள். ஸ்தானாவுக்கு ஆண்பிள்ளை என்று சம்பந்தியம்மாள் கூவினாள். பிறகு, ஸ்தானாவுக்கு ஜன்னி கண்டிருக்கிறது என்றும் கூவினாள்.

மகளைப் பார்க்க வேலிக்கதவைத் திறந்துவிடச் சொல்லி, வென்கா இந்தப் பக்கத்து எல்லைக் காவல் அதிகாரி பர்வானிடம் ஓடினாள்.

"தலைநகர்லேருந்து உத்தரவு வரணும்மா. நான் என்ன பண்றது?"

"ரெண்டு நாடும் அண்ணன் தம்பின்னு ரேடியோவுல கத்துறானுங்க. அண்ணன் வீட்டுக்குத் தம்பி போறதுக்கு எவன்கிட்ட உத்தரவு கேப்பான்?"

பர்வான் தலையைச் சொறிந்தான். "நட்பு, பரஸ்பர உதவி உடன்படிக்கை கையெழுத்தாயிருச்சு. நாளைக்கு வேலிக்கிட்ட விழா. அந்தப் பக்கத்துப் பெரிய மனுசர் வர்றார். வரவேற்பு ரொட்டியும் உப்பும் நீங்க நீட்டுங்க. அப்பவே அவர்கிட்ட கேட்டுருங்க. அவர் சரின்னா கதவத் தொறக்குறேன்."

நல்ல உதவிடா உங்க உதவி என்று முணுமுணுத்தாள் வென்கா. வயிறு எரிய எரிய மாவு பிசைந்தாள். ஆனாலும் ரொட்டி பொன்னாக வெந்தது.

மறுநாள் விடிந்ததிலிருந்து வேலியோரம் ஊதுகுழலும் மேளமும் ஒத்திகை. காது கிழிந்தது. மூடுபனியில் எதிர்ப்பக்கம் ஒன்றும் தெரியவில்லை. கறுப்புக் காரில் வந்த விருந்தாளி, வேலிக்கதவைத் தாண்டி வந்து, வாக்கியத்துக்கு ஒரு முறை மேளம் கொட்ட, ஒலிபெருக்கியில் சகோதரத்துவம் பற்றி முழங்கினார். பிறகு ரொட்டியைப் பிட்டு உப்பில் தொடக் கையை நீட்டினார். அதற்காக மேளம் நின்றது.

அப்போதுதான் கேட்டது. பனிக்குள்ளிருந்து, தொண்டை கட்டிப்போன ஒரு குரல்.

"ஸ்தானா... பச்சப்புள்ளைய யாருகிட்ட விட்டுட்டுப் போனடி..."

சம்பந்தியம்மாளின் குரல். எவ்வளவு நேரமாகக் கூவியிருந்தால் அப்படிக் கட்டிப்போயிருக்கும்.

வென்கா ரொட்டியை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"என்னம்மா இது, விருந்தாளி கைய நீட்டிட்டு நிக்கிறாரு" என்று பர்வான் பதறினான்.

"நிக்கட்டும். இது இப்ப இழவு வீட்டு ரொட்டி. எம் பொண்ணு செத்த சேதிய விடிஞ்சதுலேருந்து கூவியிருக்கா அந்த மனுசி. உங்க கூத்துல எனக்குக் கேக்கல. நல்லா இருங்கடா."

விருந்தாளி பர்வானைப் பார்த்தார். பர்வான் விருந்தாளியைப் பார்த்தான். உத்தரவு யார் கொடுப்பது என்று இருவருக்கும் தெரியவில்லை. வென்கா தோளால் வேலிக்கதவைத் தள்ளிக்கொண்டு அந்தப் பக்கம் நடந்தாள். ரொட்டியை இழுத்தபோது சிந்திய உப்பு மட்டும் விருந்தாளியின் விரலில் ஒட்டியிருந்தது.

"வாசிங்கப்பா, ஏன் சும்மா நிக்கிறீங்க" என்று பின்னால் எவனோ அதட்டினான். மேளம் மறுபடி தொடங்கியது.

வென்கா வாயைத் திறந்து மகளின் பெயரைச் சொல்லி அழுதாள். இந்த முறை எந்த மேளத்தாலும் அதை அமுக்க முடியவில்லை.