மூன்று மணி போன்

மத்தியானம் மூன்று மணிக்கு அலமாரி மேலிருந்த போன் அடித்தபோது அவள் கணவனுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். ஒரு கையில் கிண்ணம், ஒரு கையில் ஸ்பூன், தோளில் அவர் வாயைத் துடைக்கிற துண்டு. எதைக் கீழே வைப்பதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் முழித்தாள். அது அவருடைய போன். அவர் நன்றாக நடமாடிய காலத்தில் அவள் அதைத் தொட்டதே இல்லை. தொடவிட்டால்தானே. மூன்று வாரமாக அது அடிக்கும், அடித்து ஓயும். தக்காளிப் பறிப்பைப் பக்கத்துக் காட்டுக்காரர் தன் பறிப்போடு சேர்த்துப் பார்த்துக்கொண்டார். இன்றைக்கு அந்தக் காட்டுக்காரர் வந்து, தன் தோட்டத்தில் காய்ப்பு முடிந்துவிட்டது, நாளையிலிருந்து நீயே பார்த்துக்கொள்ளம்மா என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். இனி எல்லாம் அவள் தலையில்.

கணவனுக்கு ஊரில் 'மூணேக்கர்' என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் பத்திரத்தில் மட்டும் இருந்தது. நிலம் ஒன்றேகால் ஏக்கர்தான். யாராவது கேட்டால் "ஒரு மூணு ஏக்கர் தேறும்" என்பார். வரப்பையும் ஓடையையும் சேர்த்து அளந்தாலும் தேறாது. அவருக்குக் காய்ச்சல் வந்தால் நூற்றிநாலுக்குக் குறைந்து வந்ததில்லை. பஸ் பத்து நிமிஷம் தாமதமானால் அவர் கணக்கில் ஒரு மணி நேரம். பொய்க்காரர் என்று சொல்லிவிட முடியாது. அவர் வாயில் நுழைந்து வெளியே வந்தால் எதுவும் கொஞ்சம் பெருத்துத்தான் வரும், அவ்வளவுதான். அந்த வாய்தான் மூன்று வாரத்துக்கு முன்னால், பல் விளக்கிக்கொண்டிருக்கும்போதே, ஒரு பக்கமாகக் கோணிப்போனது. வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் ஒரே காலையில் போய்விட்டன.

"உயிருக்கு ஆபத்து இல்லம்மா" என்று டாக்டர் சொன்னார். "பேச்சு போயிருக்கு. நாம சொல்றது எவ்வளவு புரியுது, புத்தி எவ்வளவு தெளிவா இருக்குன்னு போகப் போகத்தான் தெரியும்." அந்தப் 'போகப் போக' என்ற வார்த்தையைக் கட்டிக்கொண்டுதான் அவள் வீடு வந்து சேர்ந்தாள். தினமும் காலையில் அவர் முகத்தைத் துடைத்துவிட்டு, "நான் யாருன்னு தெரியுதா?" என்று கேட்பாள். அவர் ஒரு தடவை பார்ப்பார், கண்ணை மூடிக்கொள்வார். கை கால் வராவிட்டால் போகட்டும், தூக்கித் தூக்கி வைக்க அவளுக்குத் தெம்பு இருந்தது. ஆனால் உள்ளே ஆள் இருக்கிறாரா இல்லையா? அது தெரியாமல்தான் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

கிண்ணத்தை ஜன்னல் திட்டில் வைத்துவிட்டுப் போனை எடுத்தாள்.

"வணக்கம், சாஸ் கம்பெனியிலேர்ந்து பேசறேன். அவர் இல்லீங்களாக்கா?"

சின்னப் பெண்ணின் குரல். "அவருக்கு உடம்பு சரியில்லம்மா. நான் வீட்டம்மா பேசறேன்."

"அடடா. பாத்துக்கங்கக்கா. அப்ப உங்ககிட்டயே சொல்லிடறேன். நாளைக்கு எங்க ரேட்டு கிலோ பதினாறு. டவுன் சந்தைல இன்னிக்கு பதினாலுக்குதான் போச்சு. பெரிய சந்தைல பதினெட்டு, ஆனா வண்டி வாடகைய நீங்க யோசிச்சுக்கங்க. எங்களுக்கு நல்லா சிவந்ததுதான் வேணும். பாதி சிவந்த செங்காயெல்லாம் ரெண்டு நாள் செடியிலயே விடுங்க, வியாழக்கிழமை வரத்து குறையும், ரேட்டு ஏறும்னு தெரியுது. மூணுல எதுல போடறதுன்னு உங்க இஷ்டம்."

அவள் போனைக் காதில் வைத்தபடியே நின்றாள். நாலு வருஷமாக அவர் இந்த போனைப் பேசிவிட்டு வாசலுக்குப் போய் வானத்தைப் பார்ப்பார். கன்னத்தைச் சொறிவார். பிறகு, "நாளைக்கு செங்காயத் தொடாத, சிவந்தத மட்டும் பறி. என் மனசுக்கு அப்படித் தோணுது" என்பார். சொன்னது சொன்னபடி பலிக்கும். தன் புருஷனுக்கு மண்ணோடும் வானத்தோடும் ஏதோ பேச்சுவார்த்தை இருக்கிறது என்று அவளும் நம்பி, தங்கச்சியிடம்கூடப் பெருமையடித்திருக்கிறாள். கடைசியில் பார்த்தால் எல்லாம் இந்தப் பெண் சொல்லிக்கொடுத்தது. அடப்பாவி மனுஷா என்று நினைத்தாள். மூன்று வாரத்தில் முதல் தடவையாக அவளுக்குச் சிரிப்பு வந்தது.

"கம்பெனிக்கே போடறோம்மா."

"எத்தனை பெட்டி வரும்கா?"

காலையில்தான் வரிசை வரிசையாக நடந்து பார்த்திருந்தாள். கூட்டிச் சொல்லவும் அவளுக்கு வராது, குறைத்துச் சொல்லவும் வராது. "நாப்பது" என்றாள்.

கட்டிலிலிருந்து ஒரு சத்தம் வந்தது. தொண்டையில் எதுவோ சிக்கிக்கொண்டதுபோல. அவள் பயந்துபோய், "சரிம்மா, வெக்கிறேன்" என்று போனை வைத்துவிட்டு ஓடினாள். அவர் இடது கையைத் தூக்கிக்கொண்டிருந்தார். ஐந்து விரலையும் விரித்தார், மடக்கினார், மூன்று விரலை நீட்டினார். மறுபடி ஐந்து, மறுபடி மூன்று. கண் பிதுங்கிவிடும்போல் இருந்தது.

"எட்டா? எட்டு மணி மாத்திரையா? இப்ப மணி மூணுதாங்க."

அவர் தலையை அப்படியும் இப்படியும் உருட்டினார். மறுபடி ஐந்து, மூன்று. மாத்திரைதான் வேண்டுமென்கிறார் என்று எடுத்துக் கொடுத்தாள். துப்பிவிட்டார். பொறுக்கி எடுத்து இன்னொரு தடவை வைத்தாள், அதையும் துப்பினார். அவளுக்கு ஆத்திரம் வந்தது, "உங்களோட நான் என்னதாங்க பண்றது" என்று சத்தம் போட்டாள், பிறகு அழுகை வந்தது. மூன்று மணியா எட்டு மணியா என்றுகூடத் தெரியவில்லை இந்த மனுஷனுக்கு. அப்படியானால் டாக்டர் சொன்ன 'போகப் போக' இதுதான், போய்விட்டது என்று முடிவு செய்துகொண்டாள். அவர் கை ரொம்ப நேரம் அந்தரத்திலேயே இருந்தது, அப்புறம் தானாகக் கீழே விழுந்தது.

மறுநாள் விடியற்காலையிலேயே பறிப்புக்கு இரண்டு பெண்களைக் கூட்டிக்கொண்டு இறங்கினாள். ஏழு மணிக்கு நாற்பது பெட்டி, ஒன்று கூடவும் இல்லை, குறையவும் இல்லை, உள்ரோட்டு ஓரத்தில் அடுக்கியாகிவிட்டது. சரியாகச் சொல்லியிருந்தோம் என்று அவளுக்குக் கொஞ்சம் கர்வமாகக்கூட இருந்தது. ஏழரைக்குக் கம்பெனி லாரி மெயின் ரோட்டில் வந்தது. அவள் எழுந்து நின்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டாள். லாரி வளைவில் திரும்பாமல் நேராகப் போய்விட்டது. குறைந்தது முப்பது பெட்டி இருந்தால்தான் அது உள்ரோட்டுக்குள் நுழையும் என்பது அவளுக்கும் தெரியும். நாற்பது சொல்லியிருக்கிறோமே, வேறு யார் சரக்கையாவது ஏற்றிக்கொண்டு திரும்பி வரும் என்று காத்திருந்தாள். எட்டரை ஆயிற்று. வெயில் பெட்டிகள்மேல் ஏறியது. நன்றாகச் சிவந்த பழம் வெயிலை எத்தனை நேரம் தாங்கும்? ஓட்டமாக வீட்டுக்குப் போய்ப் போனை எடுத்து வந்து, நேற்று வந்த எண்ணையே அழுத்தினாள்.

"லாரி வரலம்மா. நாப்பதுன்னு சொன்னேனே."

அந்தப் பக்கம் காகிதம் புரளும் சத்தம். பிறகு அந்தப் பெண் மெதுவாக, "தப்பு என்னோடதுக்கா. வண்டி எடுத்துட்டு நானே வர்றேன்" என்றாள்.

பத்தரை மணிக்கு ஒரு சின்ன வண்டி வந்து நின்றது. டிரைவர் பக்கத்திலிருந்து இறங்கியது சின்னப் பெண் இல்லை. ஐம்பது வயது இருக்கும், நரைத்த தலை, கழுத்தில் கயிற்றில் தொங்கும் கண்ணாடி, கொஞ்சம் பாரியான உடம்பு. இறங்கும்போதே முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். வாயைத் திறந்ததும் மட்டும் அதே இருபது வயதுக் குரல்.

"நாந்தான்கா, போன்ல பேசறது."

"என்னை அக்காங்கற. உனக்கு நான் தங்கச்சி முறை ஆவேன்போல."

"நூத்திப்பத்து பேருக்கு போன் போடறேன். யாரு எந்த வயசுன்னு எங்க பாக்கறது. ஆம்பளைன்னா அண்ணன், பொம்பளைன்னா அக்கா." வந்தவள் பெட்டிகளைத் தொட்டுப் பார்த்தாள். மேலே இருந்த பழங்களில் தோல் வெடிக்க ஆரம்பித்திருந்தது. "வெடிச்சது பேஸ்டுக்குப் போகும். ரேட்டு குறையாது, நான் மேனேஜர்கிட்ட பேசிட்டேன். முதல்ல ஏத்துவோம்." டிரைவர் பெட்டிகளைத் தூக்க ஆரம்பித்தார். போன்காரி மடித்து வைத்திருந்த பட்டியல் ஒன்றை எடுத்து விரித்தாள். ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்ள வந்தவள் மாதிரி முகம் தொங்கிப்போயிருந்தது.

"இங்க பாருங்க. உங்க வீட்டுக்காரர் பேருக்குப் பக்கத்துல பென்சில்ல என்ன எழுதியிருக்கு?"

'பாதி' என்று எழுதியிருந்தது.

"எல்லாருக்கும் இப்படி ஒண்ணு எழுதி வெச்சிருக்கேன்கா. கண்ணு பட்டுரும்னு பத்து இருந்தா அஞ்சுன்னு சொல்றவங்க இருக்காங்க, அவங்களுக்கு நான் கூட்டிப்பேன். உங்கவரு ரெண்டு மடங்கு சொல்வாரு, அவருக்குப் பாதியாக்கிப்பேன். சொன்னத அப்படியே எழுதினா லாரி பாதி காலியாத்தான் வரும், இல்லன்னா பாதிச் சரக்கு ரோட்டுல கிடக்கும். நேத்து நீங்க நாப்பதுன்னதும் கை பழக்கத்துல இருபதுன்னு எழுதிட்டேன். பேசறது வேற ஆளுன்னு தெரிஞ்சும் எனக்கு உறைக்கல."

"நீ பாதியாக்கறது அவருக்குத் தெரியுமா?"

"தெரியாம என்ன. ஒருநா சண்டையே போட்டாரு. நீ பாதிதான் எழுதற, அதனாலதான் நான் ரெண்டு மடங்கு சொல்ல வேண்டியிருக்குன்னாரு. நீங்க சரியா சொல்லுங்கண்ணே, நான் சரியா எழுதறேன்னேன். முதல்ல நீ ஆரம்பின்னாரு. ரெண்டு பேரும் ஆரம்பிக்கல. நாலு வருஷம் அப்படியே ஓடிப்போச்சு." போன்காரி சிரித்தாள், உடனே சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "காய்ப்பு கம்மியா இருக்கறப்ப அறுபதும்பாரு. இருக்கறது இருபத்தஞ்சுன்னு எனக்குத் தெரியும். பாதின்னு முப்பது போட்டா லாரி உள்ள வந்துருமில்ல. போட்டுருவேன். முப்பது இருந்தா அவரு அறுபதுன்னுதான் சொல்வாரு. நாப்பது இருந்தா..."

"எண்பது" என்றாள் அவள்.

பக்கத்திலிருந்த பெட்டியின்மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அடியில் பழம் நசுங்கியது, அவளுக்குத் தெரியவில்லை. ஐந்தும் மூன்றும். மாத்திரை இல்லை, மணி இல்லை. போனில் அவள் நாற்பது என்று சொன்னதைக் கேட்டு, அதை இரண்டால் பெருக்கி, அந்தப் பட்டியலில் இருக்கிற பென்சில் எழுத்தையும் நினைவில் வைத்துக்கொண்டு, ஒரு கையில் முடிந்த மட்டும் கத்தியிருக்கிறார். டாக்டரிடம்கூட இத்தனை தெளிவு இருக்குமா என்று சந்தேகம். எழுந்தாள். "பாத்து ஏத்துங்க, நான் வந்துடறேன்" என்றவள், இந்த வயதில் ஓடக் கூடாத ஓட்டமாக வீட்டைப் பார்த்து ஓடினாள்.

அவர் விழித்துத்தான் இருந்தார். அவள் கட்டிலைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க நின்றாள்.

"எண்பதுன்னு சொல்லச் சொன்னீங்களா?"

அவர் அவளைப் பார்த்தார். 'இப்போதாவது புரிந்ததா' என்கிற அந்தப் பழைய பார்வை, சந்தையிலும் பஸ்ஸிலும் கல்யாண வீட்டிலும் வைத்து அவளை எத்தனையோ தடவை எரிச்சல்படுத்திய அதே பார்வை. வாயின் ஒரு பாதி மேலே ஏறியது. இன்னொரு பாதி அப்படியே கிடந்தது. சிரிக்கிறார் என்று கண்டுபிடிக்க அவளுக்கு ஒரு நொடி ஆயிற்று.

"உள்ளதான் இருக்கீங்களா" என்றாள். "உள்ளதான் உக்காந்துகிட்டு என்னை இந்தப் பாடு படுத்தினீங்களா. நான் யாருன்னு தெரியுதான்னு தினமும் கேட்டேனே, ஒரு தலையாட்டு ஆட்டினா என்ன குறைஞ்சா போயிருப்பீங்க." அவருடைய நல்ல தோளில் நாலு அடி வைத்தாள். அடியா தடவலா என்று பார்த்தவர்கள் சொல்ல முடியாது. அந்தக் கேள்வியைக் கேட்டதற்குத்தான் மனுஷனுக்குக் கோபம் என்பது அப்போது புரிந்தது. கட்டின பெண்டாட்டியைப் பார்த்து நீ யாரென்று தெரிகிறதா என்றால் மூணேக்கருக்கு ரோஷம் வராதா. சந்தோஷம் அவளுக்கு நெஞ்சை அடைத்தது. இனி பேச்சு வராவிட்டாலும் பரவாயில்லை, ஒரு கை போதும், அவர்கள் இருவருக்கும் அது தாராளம்.

அந்தச் சந்தோஷத்தின் நடுவிலேதான் அவளுக்கு இன்னொன்று உறைத்தது. உள்ளே ஆள் இருக்கிறார் என்றால், எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதானே இருந்திருக்கிறார். பத்து நாள் முன்னால் இதே கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து தங்கச்சியோடு பேசினாள். "இப்படிக் கிடந்து சீரழியறதுக்கு அன்னிக்கே போயிருந்தாலும் தேவலை, அவருக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி. காட்ட வித்துட்டு உன் வீட்டுக்கே வந்துடறேன்" என்றாள். அவர் காலிலிருந்து ஒரு சாண் தூரத்தில் உட்கார்ந்து சொன்னாள். அப்போது அவர் முகம் சுவர்ப்பக்கம் திரும்பியது. கழுத்து வலிக்கிறது போலிருக்கிறது என்று தலையணையை நகர்த்தி வைத்தாள்.

கேட்காமல் விட்டுவிடலாம். விட்டால் அது அப்படியே கிடந்துவிடும் என்றும் தெரிந்தது.

"அன்னிக்கு தங்கச்சிகிட்ட நான் பேசினது" என்று ஆரம்பித்தாள். "அதையும் கேட்டீங்களா?"

அவர் கண்ணை மூடிக்கொள்ளவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பவும் இல்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்வையில் கோபம் இருக்கிறதா என்று தேடினாள். அவளுக்குத் தெரிந்த எந்தக் கோபமும் அதில் இல்லை. அவள் கைகளிலும் முழங்கையிலும் தக்காளிச் சாறு காய்ந்து, மண் ஒட்டி, ஈ மொய்த்துக்கொண்டிருந்தது. துடைத்துக்கொள்ளத் தோன்றாமல் நின்றாள்.

வெளியே வண்டியின் பின்கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. "அக்கா, ஏத்தியாச்சு" என்று அந்த இருபது வயதுக் குரல் ஜன்னல் வழியாக வந்தது. "நாளைக்கு எத்தனைன்னு அண்ணனையே கேட்டுச் சொல்லிருங்க. நான் இருக்கேன், மெதுவா வாங்க."

அவர் அதற்குப் பதில் சொல்லும் அவசரத்தில் இல்லை. இடது கையை நீட்டி ஜன்னல் கம்பியைப் பிடித்தார். கழுத்து நரம்பு புடைக்க இழுத்தார். உடம்பு அசையவில்லை. இடது காலை ஊன்றி இன்னொரு தடவை இழுத்தார், வராத வலப்பக்கத்தையும் சேர்த்து இழுத்துக்கொண்டு, சுவர்ப்பக்கமாக ஒரு விரற்கடை நகர்ந்தார். பிடிக்கப் போனவளைத் தலையை அசைத்து நிறுத்தினார். மறுபடி இழுத்தார். போர்வை அடியில் சுருண்டது, நெற்றியில் வியர்த்தது. கட்டிலின் இந்த ஓரத்தில் ஒரு ஆள் உட்காருமளவு இடம் விழுந்ததும் கம்பியை விட்டார். அந்தக் கையை மார்புக்குக் குறுக்கே கொண்டுவந்து, மூச்சு வாங்கிக்கொண்டே, அந்த இடத்திலிருந்த விரிப்பின் சுருக்கத்தை உள்ளங்கையால் நீவி நீவிச் சரிசெய்தார்.