கேரளத்துச் சமையல்காரி

வெள்ளைச்சாமி எந்தக் காகிதத்தையும் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டவர் இல்லை. ஓசூர் சிப்காட்டில் ஒரே கம்பெனியில் பதினான்கு வருஷம் குப்பை கொட்டி, சூப்பர்வைசராகவும் ஆன மனிதருக்கு அதற்கெல்லாம் ஏது பொறுமை? நீட்டினால் போடுவார். டாக்டர் மோகனப்ரியா நீட்டியபோதும் அப்படித்தான் போட்டார். வீட்டுக்கு வந்த பிறகுதான் பயம் பிடித்துக்கொண்டது.

மோகனப்ரியா பெங்களூரில் மனசுக்கு வைத்தியம் பார்ப்பவர். மாத்திரை கிடையாது, பேச்சுதான். தூக்கம் போய்விட்டதென்று ஒரு வருஷமாக சனிக்கிழமைதோறும் அவரிடம் போன வெள்ளைச்சாமி, பெண்டாட்டியிடம்கூடச் சொல்லாததை அங்கே கொட்டியிருந்தார். தகடு வெட்டும் பவர் பிரஸ்ஸில் கை உள்ளே போனால் மிஷினை நிறுத்திவிடும் சென்சர் ஒன்று உண்டு. அது தொட்டதற்கெல்லாம் மிஷினை நிறுத்தி உற்பத்தியைக் கெடுக்கிறதென்று அதைப் பைபாஸ் பண்ணி வேலை செய்யாமல் வைத்தது அவர்தான். அந்த ஷிப்டில்தான் காண்ட்ராக்ட் ஆள் ஆஞ்சப்பனுக்கு வலது கையில் மூன்று விரல் போயிற்று. 'தொழிலாளி கண்ணயர்ந்ததால் விபத்து' என்று ரிப்போர்ட் எழுதியதும் அவரே. சென்சர் பற்றி ஒருத்தரும் கேட்கவில்லை, அவரும் வாயைத் திறக்கவில்லை. இப்போது வெளியே வந்தால் வேலை போகும், கேஸும் வரும்.

டாக்டர் நீட்டிய காகிதம் இதைப் பற்றித்தான். அவரைப்போலப் பேச்சு வைத்தியம் செய்கிறவர்களுக்கு ஓர் உலகச் சங்கம் இருக்கிறதாம். அறையில் நோயாளி ஒருத்தர் மட்டுமில்லை, வைத்தியரும் ஓர் ஆள்தான், அவர் மனசையும் சேர்த்தே அலச வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. இரண்டாயிரத்து ஏழு ஜனவரியில் சூளகிரி பக்கத்து ரிசார்ட்டில் கூடுகிறார்கள். "அங்க உங்களைப் பத்திப் படிக்கப் போறேன். பேரு, ஊரு, தொழில் எல்லாத்தையும் மாத்திடுவேன். சம்மதமா?" என்று கேட்டார். "சரிங்க மேடம்" என்று போட்டுக்கொடுத்துவிட்டார் நம்மவர்.

கூட்டம் நடந்த ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே, தன்னைக் காட்டிக்கொடுக்கிறாரா என்று காதால் கேட்டுவிட வண்டியை எடுத்துக்கொண்டு ரிசார்ட்டுக்குப் போய்விட்டார். வாட்ச்மேன் மறித்தான். உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது.

"அட, நம்ம சார்! விடுண்ணா, எங்க கம்பெனி சூப்பர்வைசரு."

ஆஞ்சப்பன். வெள்ளைச்சாமிக்கு உடம்பெல்லாம் வேர்த்தது. இவனை இங்கே யார் கொண்டுவந்து வைத்தது? டாக்டரம்மா வேலையா?

"எங்க ஊரு பேரிகைல இருந்து பக்கம் சார். கம்பெனில நிறுத்தனப்புறம் இங்கதான் டீ ஊத்திக்கினு இருக்கேன்" என்றான் அவன். விரல் போன கையை பேன்ட் பைக்குள் விட்டிருந்தான். ஹால் வாசலில் டீ மேஜைக்குப் பின்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்காரவைத்தான்.

"என்னா மீட்டிங்கோ சார். ஒருத்தர் படிக்கறாங்க, படிச்சவங்களே அழறாங்க. கேக்கறவங்க, உனக்கு என்ன தோணுச்சு, எனக்கு இது தோணுச்சுன்னு கையக் காட்டிக் காட்டிப் பேசிக்கறாங்க."

டீ எடுக்க வந்த வெள்ளைக்காரி ஒருத்தி வெள்ளைச்சாமியைப் பார்த்துச் சிரித்தாள். எதற்குச் சிரிக்கிறாள்? தெரிந்துதான் சிரிக்கிறாளா? ஆஞ்சப்பன் கேட்காமலே சர்க்கரை அதிகம் போட்ட டீயை அவர் முன்னால் வைத்தான். இந்த உபசரிப்பும் அவருக்குச் சந்தேகமாகவே இருந்தது.

மைக்கில் மோகனப்ரியாவின் குரல் கேட்டது. வெளிநாட்டு ஆடிட்டர்களோடு மல்லுக்கட்டிப் பழகியவருக்கு அவருடைய இங்கிலீஷ் நன்றாகவே புரிந்தது. கேரளத்தில் ஒரு ஹாஸ்டல் சமையல்காரி. நேரமாகிறதென்று பெரிய குக்கரின் வால்வை அடைத்துவைக்கிறாள். மூடி தெறித்து உதவிக்கு நின்ற பெண்ணின் முகம் வெந்துபோகிறது. பெண் கவனக்குறைவாக இருந்தாள் என்று சமையல்காரி சொல்லிவிடுகிறாள்.

வெள்ளைச்சாமிக்கு நிம்மதியாயிற்று. தனக்குச் சேலை கட்டிவிட்டாலும் டாக்டரம்மா கெட்டிக்காரிதான், ஒரு பயலாலும் கண்டுபிடிக்க முடியாது. அநியாயமாகச் சந்தேகப்பட்டோமே என்று வெட்கப்பட்டு எழப் போனார்.

அப்போது நரைத்த தலைக்காரர் ஒருவர் கேட்டார். "அந்தப் பெண்ணுக்கு உண்மை தெரியுமா?"

மோகனப்ரியா மைக்கை நெருங்கிச் சொன்னார். "தெரியாது. தன் தப்பென்றுதான் இன்னும் நம்பிக்கொண்டிருப்பாள். நான் ஒரு வருஷத்தில் ஒருநாள்கூட அவளைப் பற்றிக் கேட்கவில்லை. சமையல்காரியை எனக்குப் பிடித்துவிட்டது. அவளுக்கு ஆறுதல் தந்ததில் எனக்கும் சுகம். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து அந்தப் பெண்ணை வாசலுக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டோம். இதை நான் சமையல்காரியிடமே முதலில் சொல்லியிருக்க வேண்டும்."

வாசலுக்கு வெளியே ஆஞ்சப்பன் இடது கையால் டீ ஊற்றிக்கொண்டிருந்தான்.

"என்னா சார் சொல்றாங்க? மூஞ்சி ஒரு மாதிரி ஆயிடுச்சே உங்களுக்கு?"

ஏதாவது சொல்லி மழுப்பிவிட்டு வண்டியைக் கிளப்பியிருக்கலாம். சேலை, குக்கர், கேரளா என்று எல்லாம் அவருக்குத் தோதாகத்தான் இருந்தது. ஆனால் அவன் ஆவலாக அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். வெள்ளைச்சாமிக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது.

"ஒரு பொண்ணுக்கு முகம் வெந்துபோச்சாம் ஆஞ்சப்பா. அவ மேல தப்பே இல்லையாம்."

"பாவம். என்ன மாதிரி தூங்கி வாங்கிக்கலயே, அதுவே நல்லது. எங்க மாரம்மா ரெண்டு வருஷமா ஊரெல்லாம் சொல்லிக்கினு இருக்கா, தூங்குமூஞ்சிக்கு வாக்கப்பட்டேன்னு. நான் கையெழுத்து வேற போட்டுக் குடுத்துட்டேனே சார், கண்ணு அசந்துட்டேன்னு."

"நீ படிச்சுப் பாத்தா போட்ட?"

"நீங்க எழுதினதுதானே சார்."

வெள்ளைச்சாமி ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார். "அந்த மிஷின்ல ஒரு சென்சர் இருந்துச்சு. கை உள்ள போனா நிக்கணும். அதை வேலை செய்யாமப் பண்ணி வெச்சது நான்தான். ரிப்போர்ட்டுல எழுதுனது பொய்."

ஆஞ்சப்பன் டீக் கேனின் குழாயை மூடினான். மூன்று விரலில்லாத கையைப் பையிலிருந்து வெளியே எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"அப்ப நான் அன்னிக்குத் தூங்கலயா சார்?"

"இல்லப்பா. தூங்கல."

உள்ளே கைதட்டினார்கள். ஜனங்கள் டீக்காக எழுந்து வந்தார்கள். கூட்டத்தில் வந்த மோகனப்ரியா வெள்ளைச்சாமியைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். ஆஞ்சப்பன் ஒருவரையும் கவனிக்காமல் ஏப்ரனை அவிழ்த்து மேஜைமேல் போட்டான்.

"வண்டிய எடுங்க சார். இத மாரம்மாகிட்ட வந்து சொல்லுங்க. நான் சொன்னா நம்பமாட்டா."