நாலு கோட்டை ஊர்

இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு, ஆவணி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், கதிர்காமநாதன் பெண்சாதி பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஹைடல்பெர்க்கில் கப்பலேறினான். கப்பல் என்றதும் கடலை நினைத்துவிட வேண்டாம். நெக்கர் ஆற்றில் சனத்தை ஏற்றி ஊர் காட்டுகிற படகு, அவ்வளவுதான். பதினாலு வருசமாக ஜெர்மனியில் இருக்கிற மனிசன் குடும்பமாக உல்லாசம் போக வெளிக்கிட்டது அன்றைக்குத்தான். அந்த ஒரு நாளைக்கூட விதி விட்டு வைக்கவில்லை, பாழாய்ப் போன விதி!

அவனிடம் இருந்தது குறுக்கே சிவப்புக் கோடு போட்ட கடதாசி. டுல்டுங் என்பார்கள். 'உன்னை நாட்டை விட்டு அனுப்பத்தான் வேண்டும், இப்போதைக்கு அனுப்பவில்லை' என்பது அதன் அர்த்தம். ஆறு மாதத்துக்கு ஒருக்கால் போய் நின்று அதன் தவணையை நீட்ட வேண்டும். அந்தக் கடதாசியை வைத்துக்கொண்டு அவன் இருக்கிற பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தைத் தாண்டக் கூடாது. ஆறு வருசத்துக்கு முன்னால் மச்சானின் கலியாணத்துக்கு ஹெஸ்ஸன் மாநிலத்துப் பிராங்பேர்ட்டுக்குப் போய், ஸ்டேசனில் பிடிபட்டான். முதல் தரம் என்று தண்டம் போட்டு விட்டார்கள். இப்போது புதுச் சட்டம் வந்து, நெடுங்காலம் இருந்த குடும்பங்களுக்கு விசா கொடுக்கிறார்கள். வருகிற புதன்கிழமை அதற்காக வெளிநாட்டவர் அலுவலகத்தில் அவனுக்கு டெர்மீன், வரச்சொல்லிக் குறித்த நாள். இன்னொரு பொலிஸ் வழக்கு ஏறினால் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்று வக்கீல் அம்மா விரலை ஆட்டிச் சொல்லியிருந்தார்.

பிறகேன் வெளிக்கிட்டான் என்று கேட்பீர்கள். எல்லாம் மகளுக்காக.

பெண்சாதி யோகத்தின் அக்கா சரளா இங்கிலாந்தில், ஷ்ரொப்ஷயர் என்ற நாட்டுப்புறத்தில் இருக்கிறாள். தங்கைக்குக் கடிதம் போடும்போதெல்லாம் அங்கத்தைய சுற்றுலாப் புத்தகங்களையும் சேர்த்து அனுப்புவாள். இடிந்த கோட்டை, புகை கக்கி ஓடுகிற கரிக்கோச்சி, ஆட்டுக்குட்டிக்குப் புட்டிப்பால் பருக்குகிற பண்ணை. பக்கத்துக்குப் பக்கம் தாய் தகப்பன் பிள்ளைகள் நின்று சிரிப்பார்கள். 'நீங்கள் வரேக்கை இங்கையெல்லாம் போவம்' என்று ஓரத்தில் எழுதியிருப்பாள். எந்தக் கடதாசியைக் காட்டி அவர்கள் இங்கிலாந்து போவது? ஒன்பது வயதுத் தேனுஜா அந்தப் புத்தகங்களைப் பார்த்துப் பார்த்து, போன வருசம் விடுமுறைக் கட்டுரையில், பெரியம்மாவிடம் போனோம், கோட்டை ஏறினோம் என்று அளந்து விட்டாள். ஆசிரியை மெச்சி, படம் கொண்டு வா என்றார். ஏது படம்? இவர்களுக்கு விசாவே இல்லையே என்று வகுப்பில் ஒருத்தி சொல்ல, எல்லாம் வெளுத்துப் போச்சு. அன்றிலிருந்து அவளுக்குப் பொய்க்காரி என்று பட்டம். ஒரு மாதம் ஒவ்வொரு காலையும் வயிற்றுக்குத்து என்று அழுதாள்.

அதனால்தான் வாசுதேவன் சொன்னதும் அவன் பிடித்துக்கொண்டான். வாசுதேவன் வால்டோர்ஃபில் கம்ப்யூட்டர் வேலை செய்கிற தமிழ்நாட்டுக்காரன். கதிர்காமநாதன் கோப்பை கழுவுகிற உணவகத்துக்குச் சாப்பிட வருவான்.

"நெக்கர்ஸ்டைனாக் போங்க சார், ஒரே ஊர்ல நாலு கோட்டை! ஃபேமிலியோட போக சூப்பர் ப்ளேஸ். ஹைடல்பெர்க்ல போட் ஏறினா நேரா அங்க எறக்கி விட்டுடுவான்."

பாஸ்போர்ட்டில் விசா குத்தியவனுக்கு எந்த ஊர் எந்த மாநிலம் என்று பார்க்கிற தேவை என்ன? அவன் மேல் குற்றம் சொல்ல ஏலாது.

படகில் யோகம் புட்டுப் பார்சலை மடியில் வைத்துக்கொண்டு, ஏறினதிலிருந்து இதையே கேட்டாள்.

"இஞ்சேருங்கோ, அந்த ஊர் எங்கட மாநிலம்தானே?"

"உதிலை கிடக்கிற ஊருக்கு மாநிலம் மாறுமே? பிராங்பேர்ட் எங்கை, இது எங்கை! நெக்கர் முழுக்க எங்கட பக்கம்தான். நீர் சும்மா இரும்."

இறங்கினார்கள். மலையில் வரிசையாக நாலு கோட்டை. இரண்டில் ஆட்கள் குடியிருந்தார்கள். இடிந்து கிடந்த மற்ற இரண்டுக்கும் போனார்கள். தேனுஜா கோபுரப் படிகளை ஒவ்வொன்றாக எண்ணி ஏறினாள். உச்சியில் நின்று, கீழே ஆறு வளைவதைப் பார்த்தபடி புட்டும் முட்டைப்பொரியலும் தின்றார்கள். கதிர்காமநாதன் இருபத்தேழு படம் எடுத்தான். அவன் அப்படி வாய்விட்டுச் சிரித்து யோகம் கண்டு கன காலம்.

"அப்பா, இந்த முறை நான் பொய் எழுதத் தேவையில்லை, என்ன?"

"தேவையில்லை குஞ்சு."

பின்னேரம் ரயிலுக்கு நின்றபோது இரண்டு பொலிஸ்காரர் வந்தார்கள். மேடையில் எத்தனையோ பேர் நின்றார்கள், ஆனால் அவர்கள் நேரே இவர்களிடம்தான் வந்தார்கள். அதில் என்ன புதினம்! கதிர்காமநாதன் பதறவில்லை; தன் மாநிலத்தில் நிற்கிறவனுக்கு என்ன பயம்? கடதாசியை எடுத்து நீட்டினான். நரைத்த மீசைக்காரப் பொலிஸ் அதை வாசித்துவிட்டுத் தலையை நிமிர்த்தினார்.

"நீங்கள் ஹெஸ்ஸனில் நிற்கிறீர்கள். தெரியுமா?"

அவனுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் காலுக்குக் கீழே ஒன்றுமே இல்லாமல் போய்விட்டது. ஆற்றங்கரையில் நாக்கு மாதிரி ஹெஸ்ஸன் ஒரு துண்டு நீட்டிக்கொண்டிருக்கும் என்று யார் கண்டது? அவனுக்குத் தெரிந்த ஜெர்மன் பாஷை எல்லாம் அந்த நேரம் பார்த்து ஓடி ஒளித்துவிட்டது.

"பிள்ளை, நீ சொல்லு. கப்பலாலை இடம் மாறி இறங்கிப்போட்டம், இறங்கி நேரை ஸ்டேசனுக்கு வந்தனாங்கள், ஐஞ்சு நிமிசம்தான் எண்டு சொல்லு. கெதியாச் சொல்லு."

தேனுஜா தகப்பனை ஒரு மாதிரிப் பார்த்தாள். ஆனாலும் சொன்னாள். மீசைக்காரர் நல்ல மனிசன். மற்றவர் எழுதுவதற்குப் பேனை எடுக்க, கையைக் காட்டி மறித்தார். கடதாசியை மடித்துத் திருப்பி நீட்டினார். கதிர்காமநாதனின் விரல் அதில் பட்டுவிட்டது. அப்போதுதான் அந்த மனிசன், பிள்ளை பயந்து போய் நிற்கிறதே என்று, குனிந்து அன்பாகக் கேட்டார்.

"ஐயோ பாவம். இவ்வளவு தூரம் வந்து ஒரு கோட்டையும் பார்க்கவில்லையா நீ?"

ஒரு வருசமாகப் பொய்க்காரி என்று பேர் கேட்ட பிள்ளை. அவளுடைய முகம் சிவந்தது, சொண்டு துடித்தது.

"பார்த்தேன்! நாலையும் பார்த்தேன். கோபுரத்தில் எண்பத்திரண்டு படி, நானே எண்ணினேன். மேலே இருந்துதான் சாப்பிட்டோம். காலையிலிருந்து இங்கேதான் நிற்கிறோம். அப்பாவின் கமராவில் படம் எல்லாம் இருக்கு, பாருங்கள்!"

மீசைக்காரர் கண்ணை மூடித் திறந்தார். கடதாசியை மெல்லத் திரும்ப இழுத்து மற்றவரிடம் கொடுத்தார். அவர் எழுதத் தொடங்கினார். வயர்லெஸ்ஸில் பேரைக் கொடுத்து விசாரித்துவிட்டு, இரண்டாம் தரம் என்றபடியால் வழக்குப் பதிவாகும், அறிக்கை நாளைக்கே உங்கள் அலுவலகத்துக்குப் போய்விடும் என்றார். திங்கட்கிழமை போகும். புதன்கிழமை அந்த மேசையில் கிடக்கும். பதினாலு வருசம் அவனிடமிருந்து அந்த மேடையிலேயே கழன்று விழுந்தது. யோகம் புட்டுப் பார்சலின் வெறும் தாளைக் கையில் கசக்கியபடி, சத்தம் வராமல் அழுதாள்.

ரயில் வந்தது. தேனுஜா தகப்பனின் சட்டை நுனியைப் பிடித்து இழுத்தாள்.

"அப்பா, நான் சரியாத்தானே சொன்னனான்?"

அவனுக்கு ஓவென்று குழறி அழ வேண்டும் போலிருந்தது.

"ஓம் குஞ்சு. சரியாத்தான் சொன்னனீ. ஏறு."

ஏறி உட்கார்ந்ததும் அவள் கமராவை வாங்கி, கட்டுரைக்கு எந்தப் படம் நல்லது என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தாள்.