மெதுவாகப் போகாத வண்டி

மரணத்தின் முன்னால் உலகம் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. மன்னனின் பட்டாளமும் அங்கே அடிமேல் அடி வைத்துத்தான் நடக்கும். கோயில் மணியும் விட்டுவிட்டுத்தான் அடிக்கும். மனிதகுலம் ஏற்படுத்திக்கொண்ட மரியாதைகளில் இதைவிடப் பழையது இல்லை, இதைவிடப் பெரியதும் இல்லை. ஆனால் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வேயின் தலைமைக் குமாஸ்தா, பெரிய கிராணி கிரிகரியின் காருக்கு அந்த வேகம் ஆகாது. மெதுவாகப் போனால் நின்றுவிடும்.

அவருடைய மனைவி கேத்தரினை அடக்கம் செய்யப் புறப்பட்ட காலையில் இந்தச் சங்கடம் வாசலில் வந்து நின்றது.

கார் அழகான கார். அதில் யாருக்கும் இரண்டாம் கருத்துக் கிடையாது. நாலு கதவு, மூடிய கூரை, மேலே பாலாடை நிறம், கீழே கத்தரிக்காய் நிறம், மூக்கு நுனியில் இறக்கை விரித்த ஒரு வெள்ளிப் பறவை. உள்ளே தோல் மெத்தையும் பின் ஜன்னல்களுக்குப் பட்டுத் திரையும் இருந்தன. கிள்ளான் பக்கத்து ரப்பர் தோட்டத்துத் துரை ஒருவர் சீமைக்குத் திரும்பிப் போகும்போது விற்றுவிட்டுப் போனது. "இது சீமாட்டி மாதிரி, அவசரப்படுத்தக் கூடாது" என்று துரை சொல்லிக் கொடுத்தார். சீமாட்டிக்கு அவசரம் மட்டும்தான் பிடித்திருந்தது என்பது வாங்கிய பிறகு தெரிந்தது. ஓட்டமாய் ஓடினால் வீணை மாதிரி இழையும். நாற்சந்தியில், சந்தை நெரிசலில், மாட்டு வண்டிக்குப் பின்னால் கொஞ்சம் தணிந்தால் போதும், ஒரு விக்கல், ஒரு இருமல், அப்புறம் மௌனம். சூடேறி நின்ற எஞ்சின் ஆறுகிற வரைக்கும் எழுந்திருக்காது. ஒரு சீனப் பட்டறைக்காரர் பெட்ரோல் குழாயில் கோளாறு என்று அதை மாற்றினார். இன்னொருவர் கார்புரேட்டர் என்றார். மூன்றாமவர், முதல் இருவரும் மாற்றியதை எல்லாம் திரும்ப மாற்ற வேண்டும் என்றார்.

"இந்த நிமிசம் வரைக்கும் ஒருநாள்கூட வழியில நின்னதில்ல" என்று கிரிகரி ஊருக்குச் சொல்லி வந்தார். ஆபீஸில், கோயில் சபையில், கல்யாண வீடுகளில் சொல்லிச் சொல்லி, கேட்காதவர்களிடமும் சொன்னார்.

"நடந்தே போயிரலாமேண்ணே" என்றார் தம்புசாமி. பக்கத்துக் குவார்ட்டர்ஸ்காரர், கூட்ஸ் ஆபீஸில் கிரிகரிக்குக் கீழே வேலை. கிறிஸ்தவ வேதத்துக்காரர் இல்லை என்றாலும், சாவு விழுந்ததிலிருந்து பெட்டிக்கும் பூவுக்கும் கோயிலுக்கும் ஓடியவர் அவர்தான். "எல்லாரும் நடந்துதானே வராங்க."

"கார் வச்சிருக்கிறவன் நடந்து போனா ஊரு என்ன சொல்லும், தம்பு?"

"பொண்டாட்டி பின்னால நடந்து போறான்னு சொல்லும்."

"கார் கெட்டுப்போச்சுன்னு சொல்லும்."

தம்புசாமி வாயைத் திறந்தார். பெரிய கிராணி என்பது ஞாபகம் வந்து மூடிக்கொண்டார்.

நல்லவேளையாகக் கௌரவமான காரணம் ஒன்று கிடைத்தது. கேத்தரினின் அக்கா கெர்ட்ரூட், கிள்ளானிலிருந்து ரயிலில் வந்து இறங்கியிருந்தாள். முழங்கால் வீங்கிய மனுஷி. கல்லறைத் தோட்டம் வரை நடக்க முடியாது. அவளைப் பின்னால் உட்கார வைத்து, கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு, கிரிகரி வண்டியைக் கிளப்பினார்.

அவருக்கு இன்னும் அழுகை வரவில்லை. பல் பிடுங்கப் போட்ட ஊசி உடம்பு முழுக்கப் பரவியதுபோல இருந்தது. காய்ச்சல் என்று கேத்தரின் படுத்தாள், பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார், போய்விட்டாள். ஆஸ்பத்திரிக்குப் போன அன்றைக்கு வண்டி ஒரு குறையும் வைக்கவில்லை. அதனால் குற்றம் சொல்வதற்குக்கூட எதுவும் அகப்படவில்லை. பிள்ளை குட்டி கிடையாது, கட்டிக்கொண்டு அழ. வந்தவர்கள் எல்லாம் அவர் முகத்தைப் பார்த்தார்கள். காய்ந்த முகத்தைக் கண்டு, "பெரிய மனுசர், எப்படி அடக்கிக்கிறாரு பாரு" என்று மெச்சினார்கள். அவர் எதையும் அடக்கவில்லை. அடக்குவதற்கு உள்ளே ஒன்றும் இல்லை.

குழி விளிம்பில் நின்று முதல் பிடி மண் போடும்போது வரும் என்று நம்பினார். முதல் பிடி புருஷனுடையது. அந்த இடத்தில் போய் நின்றுவிட்டால் போதும். மற்றது தானாக வரும்.

கோயில் பூசை முடிந்து, பெட்டியைக் குதிரை வண்டியில் ஏற்றினார்கள். கிழட்டுக் குதிரை. ஆனால் அது இதுவரை எங்கும் நின்றதில்லை. அதன் பின்னால் கிரிகரியின் கார், காருக்குப் பின்னால் புதுச் சாமியார். பங்குச் சாமியார் ஊரில் இல்லாததால் கிள்ளானிலிருந்து வந்திருந்த வெள்ளைக்காரர் அவர். பிரிக்பீல்ட்ஸில் ஒருவரையும் தெரியாது. பிறகு சபையார், ரயில்வேக்காரர்கள், பெண்கள். கடைசியில் டாக்டரின் காரும் சில ரிக்‌ஷாக்களும்.

குதிரை நாலு அடி வைத்தது. கார் விக்கியது.

கிரிகரி பெடலை அழுத்தினார். கார் முன்னால் பாய்ந்து குதிரையின் வால்வரை போயிற்று. குதிரை திரும்பிப் பார்த்தது. மறுபடியும் விக்கல்.

"என்ன மாப்பிள்ளை, பெட்டிமேல ஏத்தப் போறீங்களா?" என்றாள் கெர்ட்ரூட்.

வேறு வழியில்லை. கிரிகரி வண்டியை ஒடித்து, சவ வண்டியைத் தாண்டி, தன் மனைவியைப் பின்னால் விட்டுவிட்டு, சுல்தான் ஸ்ட்ரீட் பக்கம் பறந்தார். அங்கே ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பி வந்தார். எதிரே குதிரை வண்டி வந்துகொண்டிருந்தது. தொப்பியைக் கழற்றி மரியாதை செய்தபடி அதைக் கடந்து, கூட்டத்தின் வால்வரை போய், திரும்பி, மறுபடியும் தாண்டினார். கூட்டத்தில் நடந்தவர்கள் முதல் தடவை சிலுவை போட்டுக்கொண்டார்கள். அடுத்த தடவை ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஏன் மாப்பிள்ளை, எங்கதான் போறோம்?"

"முன்னால பாதை சரியா இருக்கான்னு பார்க்கிறேன், அக்கா."

"அவ போற பாதையில இனிமே என்ன மேடு பள்ளம்?"

புடு ரோட்டில், ஜெயில் சுவரை ஒட்டிய காப்பிக்கடை முன்னால் இரண்டு தமிழர்கள் நின்றிருந்தார்கள். கார் அவர்களைக் கடந்து போயிற்று. எதிர்ப்பக்கமாகக் கடந்து வந்தது. மறுபடி போயிற்று.

"யாருடா செத்தது? ஒரே மாதிரி காரா போவுது!"

"எல்லாத்திலயும் ஒரே நிறம், பாத்தியா? ஆர்டர் குடுத்து வாங்கியிருப்பாங்க."

"பெரிய சீன முதலாளி, தவுக்கேதான், சந்தேகமில்ல. ஒவ்வொண்ணுலயும் ஒரு கிழவி உட்கார்ந்திருக்கா."

ஜன்னல் திறந்திருந்தது; கிரிகரியின் காதில் விழுந்தது. இன்னொரு நாளாக இருந்தால் ஒரு வாரத்துக்கு அதைச் சொல்லித் திரிந்திருப்பார். இப்போது எஞ்சினின் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். அதில் ஒரு கரகரப்பு சேர்ந்திருந்தது. பெட்ரோல் வாடை வந்தது. கால் பெருவிரலில் மட்டும் உணர்ச்சி இருப்பதாக அவருக்குத் தோன்றியது. அங்கேதான் பெடல் இருந்தது.

இப்படியாக, கேத்தரினுக்கு வெகு முன்பே அவர் செராஸ் ரோடு கல்லறைத் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தார். வாசலிலிருந்து மேலே போகிற பாதை ஒற்றை வண்டிப் பாதை. அதன் தலைமாட்டில், புதிதாக வெட்டிய குழிக்கு எதிரே, வண்டியை நிறுத்தி, பெடலை மட்டும் விடாமல் மிதித்துக்கொண்டிருந்தார். கார் நின்ற இடத்தில் நின்றபடி ஆத்திரத்தில் உறுமியது. குழிவெட்டிகள் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள்.

ஒருவழியாகக் கூட்டம் வந்து சேர்ந்தது. டாக்டரின் காரும் ரிக்‌ஷாக்களும் பின்னால் வந்து பாதையை அடைத்தன. இனி இந்த வண்டி இங்கே நின்றுபோனால் ஓரம் ஒதுக்கக்கூட இடமில்லை. சபையார் கோட்டுகளைக் கழற்றித் தள்ள வேண்டும். பெரிய கிராணி எஞ்சினைக் கிளப்பக் கம்பியைப் போட்டுச் சுற்ற வேண்டும். ஊர் முழுக்கப் பார்க்கும்.

பெட்டியை இறக்கினார்கள். கிரிகரி கதவைத் திறந்தார். ஒரு காலை வெளியே வைத்தார். பக்கத்துச் சீட்டின் பக்கம் திரும்பாமலே, பழக்கத்தில் சொன்னார்:

"இத மிதிச்சுக்க, வந்துர்றேன்."

பக்கத்துச் சீட்டு காலியாக இருந்தது.

"யாரைச் சொல்றீங்க?" என்றாள் பின்னாலிருந்து கெர்ட்ரூட்.

கிரிகரி காலை உள்ளே எடுத்துக்கொண்டார். வண்டி வாங்கிய நாளிலிருந்து இதுதான் வழக்கம். எந்த வீட்டுக்குப் போனாலும் அவர் இறங்குவார். கேத்தரின் செருப்பைக் கழற்றிவிட்டு நகர்ந்து உட்கார்ந்து, அவர் திரும்பி வருகிறவரை பெடலை மிதித்துக்கொண்டிருப்பாள். கல்யாண வீடானாலும் சரி, பிள்ளைப்பேறு பார்க்கப் போன வீடானாலும் சரி. காருக்கு வெளியே நின்றவர்களுக்கு எஞ்சின் ஓடுவது தெரிந்தது, அவள் இறங்காதது தெரிந்தது, கால் தெரியவில்லை. கார் வந்ததும் கிராணியம்மாவுக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது என்று பேசினார்கள். கிரிகரியின் காதுக்கும் அது வந்தது. கார் கெட்டது என்கிற பேச்சைவிட அது தேவலை என்று விட்டுவிட்டார்.

"என்ன மிதிக்கச் சொன்னீங்க?" கெர்ட்ரூட் முன் சீட்டைப் பிடித்து எட்டிப் பார்த்தாள். அவருடைய காலைப் பார்த்தாள். உறுமலைக் கேட்டாள்.  "எங்க வீட்டுக்கு வந்தப்பவும் இதானா?"

கிரிகரி கண்ணாடி வழியே முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எம் பேத்தி ஞானஸ்நானத்துக்கு... வாசல்ல கார்லயே உட்கார்ந்திருந்தாளே. நான் போய்க் கூப்பிட்டேன். 'இருக்கட்டும்க்கா'ன்னா. இலையில போட்டு எடுத்துட்டுப் போய்க் குடுத்தேன், பிச்சைக்காரிக்குக் குடுக்கிற மாதிரி. அதோட நான் அவகூடப் பேசல."

"நின்னா கிளம்பாது, அக்கா. கிள்ளான்ல பட்டறை தூரம்."

"இதுக்கா?"

 "முழங்கால் வலி இல்லைன்னா நீங்க கொஞ்சம்..." என்று கிரிகரி ஆரம்பித்தார். அதற்குள் அவள் கதவைத் திறந்துகொண்டு இறங்கிவிட்டாள். தடுமாறியவளைத் தம்புசாமி ஓடி வந்து பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, வாங்க. மண்ணு போடக் கூப்பிடுறாங்க."

"இதோ வரேன். நீ அக்காவைக் கூட்டிட்டுப் போ."

"வண்டிய நிறுத்திட்டு வாங்கண்ணே. எங்க ஓடிறப் போவுது?"

"போ, தம்பு. வரேன்."

சுவிட்சைத் திருப்பினால் போதும். கை பக்கத்தில்தான் இருந்தது. கிரிகரி அந்தக் கையைப் பார்த்தார். யாரோ மறந்து வைத்துவிட்டுப் போனதுபோல் மடியில் கிடந்தது. திருப்பிவிட்டு இறங்கினால் பத்தடி தூரம். திரும்பி வந்தால் கம்பி, கோட்டு, தள்ளு, சிரிப்பு. சிரிக்க மாட்டார்கள், சாவு வீட்டில் யார் சிரிப்பார்கள்? ஆபீஸுக்குப் போய்ச் சிரிப்பார்கள். இப்படி யோசித்துக்கொண்டே இருந்தார். கால் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பெட்டி இறங்கியது. சாமியார் செபம் சொல்வது வாயசைப்பில் தெரிந்தது. எஞ்சின் சத்தத்தில் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. எல்லோரும் காரைத் திரும்பிப் பார்த்தார்கள். கிரிகரி, நடக்கட்டும் என்பதுபோலத் தலையசைத்தார், ஆபீஸில் கூட்ஸ் வண்டியை அனுப்பச் சொல்வது மாதிரி.  பிறகு கெர்ட்ரூட் தம்புசாமியின் காதில் என்னவோ சொன்னாள். தம்புசாமி தயங்கினார். அவள் அவர் முதுகில் கை வைத்து முன்னால் தள்ளினாள். அவர் குனிந்து முதல் பிடி மண்ணை எடுத்துப் போட்டார்.

கிரிகரி அழுகைக்காகக் காத்திருந்தார். வரவில்லை.

தம்புசாமிதான் அழுதுகொண்டிருந்தார். தோளில் கெர்ட்ரூட் சாய்ந்திருந்தாள். பெண்கள் வரிசையாக வந்து மண் போட்டார்கள். எல்லாம் முடிந்ததும் புதுச் சாமியார் குழியைச் சுற்றி வந்து, முதல் பிடி போட்டவரின் இரண்டு கைகளையும் பற்றிக்கொண்டார். வெகுநேரம் பற்றியிருந்தார். தலையில் கை வைத்து ஆசீர்வதித்தார். தம்புசாமி ஏதோ சொல்ல வாயெடுத்து, அழுகையில் முடியாமல், தலையைத் தலையை ஆட்டினார். சபையார் யாரும் திருத்தவில்லை. சிலர் சாமியாருக்குப் பின்னால் போய், அவர்களும் தம்புசாமியின் கையைப் பிடித்தார்கள்.

காலையிலிருந்து முதல் தடவையாகக் கிரிகரிக்கு உள்ளே ஏதோ அசைந்தது. அது துக்கம் இல்லை என்பது அவருக்கே தெரிந்தது. ஆபீஸில் தன் நாற்காலியில் வேறொருவன் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும்போது வருமே, அது.

அவர் இரண்டு தரம் ஹாரன் அடித்தார்.