ஹில்டாவின் கம்ப்யூட்டரில் எதை மாற்றுவது?

1

இந்தக் கதை பிறந்ததற்கு இலக்கியக் காரணம் எதுவும் கிடையாது. நான் எழுதிய வேறொரு கதையை டைப் செய்யக் கொடுத்திருந்தேன். அதை வாங்கிவரலாம் என்று ஆவடிக்குப் பக்கத்தில் பருத்திப்பட்டுக்குப் போனேன். கடையில் ஹில்டா இருந்தாள். [நேரில் பார்த்தால் ‘இருந்தார்’ என்றுதான் சொல்வேன். கதைக்குள் வந்த பிறகு எல்லாருக்கும் ஒரே மரியாதை.] கம்ப்யூட்டரும் இருந்தது, ஆனால் பாகம் பாகமாக. தரையில் செய்தித்தாளை விரித்து அத்தனையையும் வரிசையாகப் பரப்பியிருந்தது. ஒவ்வொன்றிலும் நூல் கட்டி ஒரு அட்டைச் சீட்டு தொங்கியது.

“உங்க கதை இதுக்குள்ளதான் கீது சார். எடுக்கத்தான் வழியில்ல,” என்றாள்.

வெறுங்கையோடு திரும்பினேன். பஸ்ஸில் வரும்போதே அந்தத் தரை மனதில் உட்கார்ந்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும் எழுத ஆரம்பித்தேன்.

முதல் தொடக்கம்: “1997ஆம் ஆண்டு, ஏரிக்காற்று இதமாக வீசிய ஒரு மாலையில்—”

வேண்டாம். பருத்திப்பட்டு ஏரிப் பக்கமிருந்து மாலையில் வருவது கொசு.

இரண்டாவது: “மனிதனுக்கும் இயந்திரத்துக்கும் உள்ள உறவு ஆதிகாலம் தொட்டே—”

இது பள்ளிக்கூடக் கட்டுரைப் போட்டி. பரிசு கிடைக்கலாம், கதை கிடைக்காது.

மூன்றாவது: “அந்த வீட்டில் ஹில்டாவுக்கென்று இருந்தது ஒன்றே ஒன்றுதான்.”

இது நிற்கிறது. இதையே பிடித்துக்கொண்டு போகிறேன்.

2

அந்த வீட்டில் ஹில்டாவுக்கென்று இருந்தது ஒன்றே ஒன்றுதான். மனை அவள் கணவன் அந்தோணிராஜ் வேலை செய்யும் தொழிற்சாலைச் சங்கம் மூலம் வந்தது. டி.வி.யும் பீரோவும் அவனுடைய போனஸில் வாங்கியவை. அவன் கஞ்சன் இல்லை, அதிகாரம் செய்கிறவனும் இல்லை. ஆனால் வீட்டில் எது நின்றுபோனாலும் கழற்றிப் பார்க்கிற உரிமை தன்னுடையது என்று நினைப்பவன். மிக்ஸி, ஃபேன், சுவர்க் கடிகாரம் எல்லாம் அவன் கைக்குப் போய் வந்தவைதான்.

கம்ப்யூட்டர் மட்டும் அப்படியில்லை. கல்யாணத்துக்கு முன்பும் பின்பும் ஆவடியில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் பாடம் சொல்லிக்கொடுத்து, அந்தக் காசில் ஹில்டா வாங்கியது அது. நாலு வருடத்துக்கு முந்தைய 486 மாடல். வீட்டின் முன்னறையில் அதை வைத்து, வாசலில் ‘டி.டி.பி. — ஜாப் டைப்பிங்’ என்று போர்டு மாட்டினாள். அதை அவன் தொட்டதில்லை. தொடாதே என்று அவள் சொன்னதும் இல்லை.

கல்யாணப் பத்திரிகை, காது குத்து, மாதா கோயில் ஞாயிற்றுக்கிழமைத் தாள், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் என்று வேலை வந்தபடி இருந்தது. ஆனால் மெஷினுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டது. பிள்ளையார் படம் போட்ட பத்திரிகைக்குப் பிரிண்ட் கொடுத்துவிட்டு, உள்ளே போய் உலை வைத்துவிட்டு வந்தாலும் படத்தில் தும்பிக்கை வரைக்கும்தான் வந்திருக்கும். ஆவடி ஸ்டேஷன் பக்கத்துக் கடையில் அதைவிட வேகமான பென்டியம் வந்துவிட்டது. அவளுக்குப் புத்தக வேலை கொடுத்துக்கொண்டிருந்த அம்பத்தூர் பிரஸ்காரரும், தை பிறந்ததும் புது விண்டோஸில் அடித்துக் கொடுத்தால்தான் எடுப்பேன் என்று சொல்லிவிட்டார்.

மாற்றாவிட்டால் கடை மெதுவாகச் சாகும். மாற்றினால்?

3

மாற்றினால் என்ன ஆகும் என்பதைக் கோதண்டம் சொன்னான். ஆவடி வட்டாரத்தில் யார் கம்ப்யூட்டர் படுத்தாலும் பைக்கில் வந்து இறங்குகிறவன் அவன்.

“உள்ள இருக்கற மதர்போர்ட மட்டும் மாத்து கோதண்டம், போதும்,” என்றாள் ஹில்டா.

“மாத்தலாங்க்கா. ஆனா இந்த மெமரி ராமு அதுல ஒக்காராது.”

“சரி, ராமும் மாத்து.”

“அப்போ கார்டு? இது பழைய ஸ்லாட்டுக்கா. அப்பால ஹார்டு டிஸ்க்கு. புது விண்டோஸ் இதுல போட்டா மூச்சு முட்டிக்கும்.”

“எதுதான்டா மிஞ்சும்?”

கோதண்டம் நியாயமாக யோசித்தான். “கீபோர்டு நல்லாத்தான் கீதுக்கா. பொட்டியும் வெச்சிக்கலாம்.”

(இங்கே ஒரு இடைச்செருகல். இந்த இடத்துக்கு வந்தபோது எனக்கும் அதே வியாதி. தொடக்கத்தை மாற்றினேன், அதற்கு இரண்டாம் பகுதி ஒட்டவில்லை. அதையும் மாற்றினேன், கோதண்டத்தின் பேச்சு ஒட்டவில்லை. கடைசியில் முதல் பிரதியிலிருந்து மிஞ்சியது ஹில்டாவின் பெயர் மட்டும்தான். இது அதே கதையா என்று கேட்காதீர்கள்.)

4

[இந்தப் பகுதியைக் கைவிட்டேன். ஏன் கைவிட்டேன் என்று தெரிவதற்காக இருக்கட்டும்.]

ஹில்டாவின் மெஷினில் இருந்த தமிழ், பழைய தமிழ். புது விண்டோஸில் திறந்தால் பழைய ஃபைல்களில் எழுத்துக்குப் பதிலாகப் பூச்சி பூச்சியாகத்தான் வரும். அந்த ஃபைல்களில் பாதி, இறந்துபோனவர்கள். பருத்திப்பட்டில் ஒருவர் போனால் முதல் வருடம் போஸ்டர் அடிப்பார்கள். மறு வருடம் அதே ஆள் வந்து, “அதே மேட்டர்தான், வருசம் மட்டும் மாத்திக்கோம்மா,” என்பார். பார்வதம் என்று ஒருத்தி உண்டு. புருசன் முனியன் இறந்தபோது, அவனைப் பற்றி நாலு வரி சொல்ல அவளுக்கு ஒரு பகல் பூராவும் ஆயிற்று. அந்த நாலு வரியும் இந்த மெஷினுக்குள்தான் இருக்கிறது. மெஷினை மாற்றினால் முனியன் மறுபடியும் செத்துப்போவான்! ஹில்டாவின் கண்கள் குளமாகி—

இந்த வரி எனக்கே மிகவும் பிடித்துப்போயிற்று. கொண்டுபோய் ஹில்டாவிடம் காட்டினேன். அவள் படித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“போன வருசத்துப் போஸ்டரு சொவத்துலயே ஒட்டிகினு கீது சார். பாத்து அடிச்சா அஞ்சு நிமிசம். இதுக்கா நான் அழுவேன்?”

“அப்புறம் எதுக்குத் தயங்குறீங்க?”

தரையில் கிடந்த ஒரு சீட்டைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: “மாத்தறதுக்கு எனுக்கு பயம் இல்ல சார். கோதண்டம் இத்த மாத்துன்றான். பிரஸ்காரரு அத்த மாத்துன்றாரு. எங்க ஊட்டுக்காரரு மாத்தவே வேணாம், நான் சரி பண்றேன்னுகினு... இப்டி கழட்டிப் போட்டாரு. இப்ப நீங்க வேற எழுதிகினு வந்து நிக்கிறீங்க. உனுக்கு இன்னா வேணும்னு ஒர்த்தரும் கேக்கல.”

ஆகவே குளமான கண்களை அடித்துவிட்டேன். கதை எதைப் பற்றியது என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.

5

இனி அந்த ஞாயிற்றுக்கிழமை.

அந்தோணிராஜுக்குத் தொழிற்சாலையில் ஓவராலிங் பகுதியில் வேலை. ஓடித் தேய்ந்த ராணுவ வண்டி உள்ளே வரும். கடைசி நட்டு வரை கழற்றுவார்கள், சீட்டுக் கட்டுவார்கள், கழுவுவார்கள், தேய்ந்ததை எடுத்துவிட்டு மறுபடி பூட்டுவார்கள். வெளியே போகும்போது புது வண்டி. இருபது வருடமாக இதைச் செய்தவனுக்கு, எந்தச் சாமானும் பழசாகிவிட்டது என்று தூக்கிப் போட மனம் வராது. மனைவி நாலு நாளாகக் கவலையில் இருக்கிறாள், அவள் மாதா கோயில் பூசைக்குப் போய் வருவதற்குள் முடித்துவைத்தால் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தான். அவன் நினைத்தது அவ்வளவுதான். அதை நான் எப்படித் திருப்பிப் போட்டு எழுதிப் பார்த்தாலும் அவனை வில்லனாக்க முடியவில்லை.

ஹில்டா முக்காட்டை எடுத்துக்கொண்டே உள்ளே வந்தாள். தரை முழுக்க அவளுடைய கம்ப்யூட்டர்.

“இன்னா பண்ணி வெச்சிருக்கீங்க?”

“ஓவராலிங். சாயந்தரத்துக்குள்ள புத்சா பூட்டித் தர்றேன் பாரு. எவ்ளோ தூசி தெரியுமா உள்ள!”

அவள் கண் ஒவ்வொரு சீட்டாகப் போனது. ‘ஃபேன்’. ‘பச்சைப் பலகை — பெருசு’. ‘பச்சைப் பலகை — சிறுசு’. எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. ஒன்றைத் தவிர.

“பிரிண்டர் ஒயருக்கு நடுவுல கட்டை மாரி ஒண்ணு இருந்துச்சே, எங்க?”

“அந்த ஜாயிண்ட்டா? அது வேஸ்ட்டும்மா. ஒயரு நேராவே போயி சொருகிக்குது. நடுவுல ஜாயிண்ட்டு இருந்தா அங்கதான் லீக்காவும்.” அவன் டப்பாவைக் காட்டினான். “கழுவலாம்னு பெட்ரோல்ல போட்டேன். கொஞ்சம் உப்பிகிச்சு.”

தீப்பெட்டி அளவில் சாம்பல் நிறமாக இருந்த அதற்கு ‘லாக்’ என்று பெயர்.* அது மாட்டியிருந்தால்தான் அந்த மெஷினில் தமிழ் வரும். இப்போது அது ஊறிப்போன முறுக்கு மாதிரி இருந்தது.

ஹில்டா ஸ்டூலில் உட்கார்ந்தாள். அவளுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. நல்லது செய்ய நினைத்தவன்மேல் அதைக் காட்டவும் முடியவில்லை. அது இன்னும் எரிச்சலாக இருந்தது. கத்தியிருந்தால் அவனுக்கு வசதியாக இருந்திருக்கும்.

“என்னிய ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல,” என்றாள். அதற்குமேல் அன்றைக்கு அவள் பேசவில்லை.

* காசு கொடுக்காமல் யாரும் சாஃப்ட்வேரைக் காப்பி எடுத்துவிடக் கூடாது என்று அந்தக் காலத் தமிழ் சாஃப்ட்வேர்காரர்கள் இதைக் கொடுப்பார்கள். ஹில்டாவுக்கு விற்றவர்கள் கடையை மூடிவிட்டுப் போய்விட்டதால் புது லாக்கும் வாங்க முடியாது.

6

அந்த வாரம் இரண்டு காரியம் நடந்தது.

ஒன்று, முனியனின் இந்த வருடத்துப் போஸ்டருக்காகப் பார்வதம் வந்தாள். தரையைப் பார்த்து, “இன்னா ஹில்டா, மிசினு பிரசவமா?” என்றாள். ஹில்டா போன வருடத்துப் பிரதி ஒன்றை எடுத்து, ‘இரண்டாம் ஆண்டு நினைவு’ என்பதில் ‘இரண்டாம்’ என்பதை மட்டும் பிளேடால் வெட்டினாள். வேறொரு குடும்பத்தின் பழைய போஸ்டரிலிருந்து ‘மூன்றாம்’ என்பதை வெட்டி கோந்து போட்டு ஒட்டி, ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தாள். பார்வதம் கையை நீட்டித் தள்ளிப் பிடித்துப் பார்த்து, “நல்லாக் கீறாரு,” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இரண்டு, அந்தோணிராஜ் தினமும் வேலை விட்டதும் வீட்டுக்கு வராமல் வண்டியை எடுத்துக்கொண்டு எங்கோ போனான். எங்கே என்று ஹில்டா கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

சனிக்கிழமை தெரிந்தது. அன்று நான் என் கதையைக் கேட்கும் சாக்கில் போயிருந்தேன். கோதண்டம் ஒரு பென்டியம் போர்டும் அதற்கு வேண்டிய மற்ற பாகங்களுமாக வந்திருந்தான். “புடிக்கலன்னா திருப்பிக் குடுத்துக்கலாங்க்கா, பேசிட்டுத்தான் எடுத்தாந்தேன்,” என்றான். அதே நேரத்தில் அந்தோணிராஜ் வண்டியை நிறுத்திவிட்டு, சட்டைப் பைக்குள்ளிருந்து கைக்குட்டையில் சுற்றிய ஒன்றை எடுத்தான். அதே மாதிரி இன்னொரு லாக். பூந்தமல்லியில் கேட்டு, போரூரில் கேட்டு, கடைசியில் அம்பத்தூரில் பிரஸ்ஸை மூடிவிட்ட ஒருவரிடம் சாஃப்ட்வேர் டிஸ்க்குகளோடு சேர்த்து வாங்கியிருந்தான். அவன் முகத்தில் தூசி அப்பியிருந்தது. எனக்கு அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

“இத்த மாட்டினா பழையபடி ஓடும்,” என்றான்.

“ஓடும் மாமே, ஆனா நடக்கற மாரி ஓடும்,” என்றான் கோதண்டம். “தைக்கு அப்பால பிரஸ்ல இருந்து ஒரு வேலயும் வராது.”

“நீ சும்மா இருடா. மெஷின் நல்லா கீது.”

“போர்டு போட்டா அக்கா ஒரு நாளைக்குப் பத்து பத்திரிக அடிக்கலாம்.”

“அவளுக்கு இதான் கை பழக்கம்.”

மேசைமேல் ஒரு பக்கம் புது போர்டு, இன்னொரு பக்கம் கைக்குட்டை. ஹில்டா இரண்டையும் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

“நீங்க இன்னா சார் எழுதிகினு வந்துகீறீங்க?”

இரண்டு முடிவு வைத்திருந்தேன். படித்தேன்.

முடிவு அ: கணவனின் வியர்வை படிந்த அந்தச் சின்னப் பொருளை ஹில்டா வாங்கிக்கொள்கிறாள். மெஷின் மெதுவாக ஓடினாலும் வீட்டில் மறுபடி பேச்சு வருகிறது.

முடிவு ஆ: ஹில்டா புது போர்டைத் தேர்ந்தெடுக்கிறாள். தை மாதம் கடையில் கூட்டம் நிற்கிறது. அந்தோணிராஜ் தூரத்தில் நின்று பெருமையோடு பார்க்கிறான்.

“ரெண்டுலயும் நான் ஒரு வார்த்தகூட பேசல, பாத்தீங்களா?” என்றாள் ஹில்டா.

பார்த்தேன். பேசவில்லைதான்.

அவள் கோதண்டத்தின் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரை வாங்கினாள். “எல்லாத்தையும் டேபிள்மேலயே வைங்க. மூணு பேரும் வெளிய போயி நில்லுங்க.”

“நீயா பூட்டப் போறே?” என்றான் அந்தோணிராஜ்.

“நாலு வருசமா நாந்தான் தொறந்து தொடச்சேன். உங்களுக்குத் தெரியாது.”

கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழுந்தது.

7

வாசற்படியில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். உள்ளே திருகாணி திருகும் சத்தம். நிற்கிறது. மறுபடி கேட்கிறது. புது போர்டா, பழைய பலகையா என்று சத்தத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. கோதண்டம் காதை வைத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

அந்தோணிராஜுக்கு இருப்புக் கொள்ளவில்லை. “அந்த ஃபேன் ஒயரு சிகப்பு எந்தப் பக்கம்னு...” என்று எழுந்தான். கதவைத் தட்டக் கையைத் தூக்கினான். தூக்கிய கை அப்படியே நின்றது. பிறகு கையை இறக்கி, வந்து உட்கார்ந்தான். “கேட்டா சொல்லலாம்,” என்றான், எங்களிடம் இல்லை, தனக்கே.

அவள் எதைப் பூட்டினாள் என்பது எனக்குத் தெரியும். அன்றைக்கே பார்த்தேன், என் கதையும் பிறகு அச்சாகிக் கைக்கு வந்தது. ஆனால் இங்கே எழுதமாட்டேன். இப்படிப்பட்ட கதைகளில், முடிவை வாசகரே தீர்மானித்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு ஆசிரியன் நழுவுவது வழக்கம். அதையும் செய்யமாட்டேன். ஏற்கெனவே அவளுக்காகத் தீர்மானிக்க மூன்று பேர் இருந்தோம். உங்களையும் சேர்த்தால் நாலு.

படியில் இடம் இருக்கிறது. வந்து உட்காருங்கள்.