லத்திபா மலையிறங்க மறுத்தது

1

இது கதையாக எழுதப்பட வேண்டியதே அல்ல. 2006இல் மதுரையிலிருந்து வரும் ஒரு சிற்றிதழின் ஆசிரியர் ராஜமணி எனக்குப் போன் செய்து கட்டுரை ஒன்று கேட்டார். நான் உத்தமபாளையத்தில் கல்லூரிப் பிள்ளைகளுக்குப் புள்ளியியல் நடத்துகிறவள், அவ்வப்போது கதையும் எழுதுகிறவள். எந்த நாட்டில் எத்தனை டாக்டர், எத்தனை ஆஸ்பத்திரிக் கட்டில், அங்கே ஆயிரம் பேருக்கு எத்தனை பேர் சாகிறார்கள், இரண்டுக்கும் என்ன உறவு என்பதை எளிய தமிழில் எழுதித் தர வேண்டும், கூடவே ஒரு படமும் போட வேண்டும் என்றார். சரி என்றேன்.

படத்தில் ஒவ்வொரு நாடும் ஒரு புள்ளி. டாக்டர்கள் கூடக் கூடச் சாவு குறையும், புள்ளிகள் ஒழுங்காகச் சரிந்து இறங்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். புள்ளிகளோ கொட்டிய கடுகு மாதிரிக் கிடந்தன. ஜெர்மனியில் டாக்டருக்குப் பஞ்சமே இல்லை, ஆனால் ஆயிரத்துக்குப் பத்துப் பேர் சாகிறார்கள். வளைகுடா நாடுகள் சிலவற்றில் இரண்டு, மூன்றுதான். காரணம் பெரிய மர்மம் ஒன்றுமில்லை. ஜெர்மனியில் வயதானவர்கள் அதிகம், வளைகுடாவில் வேலைக்குப் போன இளவட்டங்கள் அதிகம்.* வயதைக் கணக்கில் எடுத்துக்கொண்டால் புள்ளிகள் ஓரளவு சொன்ன பேச்சைக் கேட்கும். இதை எழுதி முடித்துத் தபாலில் போட்டிருந்தால் நீங்கள் இப்போது வேறு எதையாவது படித்துக்கொண்டிருப்பீர்கள்.

(* அந்த இளவட்டங்களில் நம் கம்பத்துப் பையன்களும் உண்டு. உடம்பு திடமாக இருக்கும்வரை அங்கே. படுத்துவிட்டால் பலரும் விமானம் ஏறி ஊருக்கு வந்துவிடுகிறார்கள். சாவு இங்கே எழுதப்படும், அந்த நாட்டின் புள்ளி சுத்தமாக இருக்கும். இந்தக் குறிப்பை மறந்துவிடாதீர்கள்.)

கெடுத்தது என் பக்கத்து வீட்டு லத்திபா அக்கா. படத்தைப் பார்த்துவிட்டு, "இதுல நான் எங்கன இருக்கேன் டீச்சர்?" என்று கேட்டாள்.

2

தொடக்கங்கள்.

"குமுளி மலைச்சாலையில் ஒரு ஜீப் இறங்கிக்கொண்டிருந்தது. அதற்குள் ஒரு பெண் இறந்துகொண்டிருந்தாள்."

நன்றாக இருக்கிறது, இல்லையா? எனக்கும் பிடித்துப்போனது. கோளாறே அதில்தான் ஆரம்பித்தது.

"மேகங்கள் மலை முகட்டைத் தழுவ—"

[வேண்டாம். உயிர் போகிற இடத்தில் மேகத்துக்கு என்ன வேலை.]

"உலக நாடுகளின் மருத்துவ வளங்களை ஒப்புநோக்குங்கால்—"

[இப்படி எழுதித்தான் நாம் யாரையும் படிக்கவிடாமல் செய்துவிட்டோம்.]

சரி, நேராகவே சொல்கிறேன். லத்திபாவுக்கு நாற்பதைத் தாண்டிய வயது. அவள் கணவர் ஜெய்லானி ஏலக்காய் வியாபாரி. குமுளிக்கு மேலே, கேரள எல்லைக்குள், அவர்களுக்கு ஒரு சின்ன ஏலத்தோட்டம் இருக்கிறது. முந்தின வருஷம், காய் உலர்த்தும் ஸ்டோரில் விறகு எடுக்கக் கை நீட்டியவளை நல்லபாம்பு கடித்தது. குமுளியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் விஷமுறிவு மருந்து ஏற்றினார்கள். அதற்குள் அவளுக்கு இமை தொங்கிவிட்டது, நாக்கு புரளவில்லை, மூச்சுத் தசைகள் தளர்ந்துவிட்டன. தொண்டைக்குள் குழாய் விட்டு, அதில் ரப்பர் பையை மாட்டி, ஒரு நர்ஸ் கையால் அமுக்கி அமுக்கி மூச்சுக் கொடுத்தாள். மூச்சு விடவைக்கும் மெஷின் அங்கே கிடையாது. கோட்டயத்துக்குக் கொண்டு போனால் உண்டு, மெஷினில் வைத்தால் பிழைக்க வாய்ப்பு நிறைய என்றார் டாக்டர். கோட்டயத்துக்கு மலைப்பாதையில் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். கம்பத்துக்கு மலையிறங்கினால் முக்கால் மணி நேரம், அங்கிருந்து எங்கள் ஊர் பக்கம்தான்.

3

வெளியூர் வாசகருக்கு எங்கள் பள்ளத்தாக்கின் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்துவோ முஸ்லிமோ, ஏழையோ தோட்ட முதலாளியோ, மலைக்கு அந்தப் பக்கம் ஆஸ்பத்திரியில் கிடப்பவர் தேறமாட்டார் என்று பட்டால், உயிர் இருக்கும்போதே மலையிறக்கிவிடுவார்கள். அங்கே உயிர் போய்விட்டால் போலீஸ், பிரேத பரிசோதனை, செக்போஸ்ட்டில் நிறுத்தி ஆயிரம் கேள்வி. விஷக்கடி என்றால் கேட்கவே வேண்டாம். தாமதமில்லாமல் குளிப்பாட்டி, தொழுவித்து, சொந்த ஊர் மையவாடியில் அடக்க வேண்டும் என்று நினைக்கிற குடும்பத்துக்கு அந்த அலைச்சல் பெரிய அவமானம். அதனால் மூச்சுக் குழாயோடு, பை அமுக்க ஒரு நர்ஸையும் அழைத்துக்கொண்டு, வீட்டு வாசல்வரை வருவார்கள். வாசலில் வைத்துக் குழாயை எடுப்பார்கள். "ஊருக்கு வந்து, வீட்டுல வச்சுத்தான் போனாக" என்று பிறகு சொல்லிக்கொள்வார்கள். அதில் ஒரு மரியாதை இருக்கிறது. நான் கேலி செய்யவில்லை, கோபப்படுகிறேன்.

நாகவிஷத்தைப் பற்றி, லத்திபாவை மலையிறக்கிய அந்த ஜீப்பில் யாருக்கும் தெரியாத ஒன்று உண்டு. அது உடம்பைத்தான் கட்டிப்போடும், அறிவைத் தொடாது. கண் திறக்காமல், விரல் அசையாமல், பிணம் போலக் கிடப்பவருக்குப் பேசுவதெல்லாம் கேட்கும்.

லத்திபாவுக்கு எல்லாம் கேட்டது.

4

முதலில் எழுதிய கைப்பிரதியில் லத்திபாவைக் கொன்றேன். செக்போஸ்ட்டுக்கும் முதல் வளைவுக்கும் நடுவே, எந்த மாநிலம் என்று சொல்ல முடியாத இடத்தில். அவள் சாவை எந்த மாநிலத்தின் கணக்கில் சேர்ப்பது என்று இரண்டு அதிகாரிகள் குழம்புவதாக ஒரு பத்தி. அந்தப் பத்தியை எழுதிவிட்டு எழுந்து போய்க் காபி போட்டுக் குடித்தேன். அவ்வளவு திருப்தி.

அதைப் படிக்க வாங்கிக்கொண்டு போன லத்திபா மறுநாள் மத்தியானம் வந்தாள். நாற்காலியில் உட்காரவில்லை.

"என்னையக் கொன்னுட்டீகளே டீச்சர்."

கதைக்கு அதுதான் பொருத்தம், வாசகருக்கு உறைக்க வேண்டுமென்றால் ஒரு சாவு வேண்டும் என்று விளக்கினேன். சாகாதவளை வைத்துச் சாவு விகிதத்தைப் பற்றி எப்படி எழுத முடியும் என்றும் கேட்டேன்.

"அன்னைக்கு ஜீப்புல இருந்தவுகளும் இப்படித்தான் பேசுனாக. எல்லாருக்கும் நான் போனாத்தான் பொருத்தமா இருந்துச்சு," என்றாள். "எழுதுறதா இருந்தா நடந்தத எழுதுங்க. இல்லையா, அந்த ஜெர்மனிக்காரனப் பத்தியே எழுதிக்கிருங்க."

எழுதுகிறவளுக்குத் தன் பாத்திரத்திடம் திட்டு வாங்குவது போலக் கடுப்பு வேறில்லை. அன்றைக்குப் பூராவும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். அப்புறம் அந்தப் பத்தியை அடித்தேன்.

5

நடந்தது, அவள் சொன்னபடி.

ஆஸ்பத்திரி வராந்தாவில், அவள் கிடந்த அறை வாசலிலேயே பேச்சு நடந்தது. கோட்டயம் போகிற வழியிலேயே முடிந்துவிடும், அங்கே முடிந்தால் உடம்பு கைக்கு வர எத்தனை நாளாகுமோ, உசுரோடு மலையிறக்கிவிடுவோம் என்று கூட வந்த உறவுக்காரர்கள் சொன்னார்கள். ஜெய்லானி அழுதுகொண்டே தலையாட்டினார். கெட்ட மனிதர் இல்லை. மனைவியை அவள் வாப்பா உம்மா அடங்கியிருக்கிற மண்ணில் சேர்க்க வேண்டும் என்பதுதான் அப்போது அவர் நெஞ்சில் இருந்தது. டாக்டர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். குழாயை வீட்டு வாசலில் எடுக்கலாமா என்று யாரோ நர்ஸிடம் விசாரித்ததும் லத்திபாவின் காதில் விழுந்தது.

ஜீப் கிளம்பியது. நர்ஸ் தலைமாட்டில் பையை அமுக்கிக்கொண்டிருந்தாள். தம்பி சலீம் கால்மாட்டில் அக்காவின் பாதங்களை மடியில் வைத்துப் பிடித்திருந்தான். செக்போஸ்ட் தாண்டி, மின்நிலையத்துக்குத் தண்ணீர் கொண்டுபோகிற பெரிய குழாய்கள் மலையில் இறங்குவது தெரிகிற இடத்தில், ஜெய்லானி குனிந்து அவள் காதில் கலிமா சொல்ல ஆரம்பித்தார். உயிர் போகிறவர் காதில் சொல்வது அது.

("பயந்துட்டீங்களாக்கா?" என்று இந்த இடத்தில் நான் கேட்டேன். "பயமா? ஆத்திரம்," என்றாள். "கலிமாவ மனசுக்குள்ள நானும் கூடவே சொன்னேன். அது எப்பவும் சொல்றதுதான். அதுக்காகக் கெளம்பிருவேனா?")

உடம்பில் எங்காவது ஓர் இடம் தன் பேச்சைக் கேட்குமா என்று ஒவ்வொன்றாகத் தேடினாளாம். கண், உதடு, கைவிரல், ஒன்றும் கேட்கவில்லை. வலது கால் பெருவிரல் கேட்டது.

"மச்சான், அக்கா கால் அசையுது," என்றான் சலீம்.

உயிர் பிரிகிற துடிப்பு அது, கலிமாவை நிறுத்தாதே என்றார் முன்சீட்டிலிருந்த பெரியவர். சலீம் கேட்கவில்லை. ஏலே வண்டிய நிறுத்து என்று டிரைவரை அதட்டினான். பிறகு, ஊரே சிரித்தாலும் பரவாயில்லை என்று நினைத்தவன் போல, அந்தப் பெருவிரலிடம் பேசினான்.

"அக்கா, கேக்குதா? ஊருக்குப் போவமா?"

விரல் கிடந்தபடி கிடந்தது.

"கோட்டயம் போவமா?"

விரல் அசைந்தது. பை அமுக்கிய நர்ஸ் அதைப் பார்த்துவிட்டு மலையாளத்தில் சத்தம் போட்டாள். ஜெய்லானி கலிமாவைப் பாதியில் நிறுத்திவிட்டு, "இன்னொருக்க கேளுடா" என்றார். சலீம் கேட்டான். அசைந்தது. அந்த ஒடுங்கிய வளைவில் ஜீப்பைத் திருப்ப, பின்னால் வந்த லாரிக்காரர்கள் இறங்கிச் சக்கரத்துக்குக் கல் வைத்துக் கொடுத்தார்கள்.

ஆக, லத்திபா பிழைத்தாள். நல்ல முடிவு. இத்தோடு நிறுத்தியிருக்கலாம்.

6

நிறுத்த விடவில்லை. "அந்தக் கட்டில எழுதலையே டீச்சர்," என்றாள்.

எந்தக் கட்டில்? கோட்டயத்தில் அவளைச் சேர்த்த ஆஸ்பத்திரியில் மெஷினோடு இருந்ததே ஒரே ஒரு கட்டில்தான், அது அன்று காலியாக இருந்தது. அவள் கண் திறந்து, குழாய் எடுத்து, பேச்சு வந்த பிறகு அங்கிருந்த நர்ஸ் சொன்னாளாம், சேச்சிக்கு பாக்கியம் உண்டு என்று. அந்தக் கட்டிலில் அவள் வந்த அன்று காலைவரை வேறொருவர் இருந்திருக்கிறார். எங்கள் பள்ளத்தாக்கில் மார்க்கையன்கோட்டைக்காரர், பெயர் குருசாமி. வீட்டார் வந்து, தேறமாட்டார் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, உசுரோடு மலையிறக்கிக் கொண்டுபோனார்கள்.

லத்திபா ஊர் திரும்பியதும் சலீமை அனுப்பி விசாரித்தாள். வாசலில் வைத்துக் குழாயை எடுத்தார்களாம். நல்லபடியாக, வீட்டிலேயே போய்ச் சேர்ந்தாராம்.

இதைக் கேட்ட பிறகு என் கட்டுரைப் படத்தைப் பார்க்கவே எனக்குக் கூசியது. ஆஸ்பத்திரி ஏட்டில் குருசாமி இறந்தவர் அல்ல, வீட்டுக்குப் போனவர். லத்திபாவும் வீட்டுக்குப் போனவள். இருவரும் ஒரே கட்டத்தில் விழுவார்கள், அந்த ஆஸ்பத்திரியின் புள்ளி சுத்தமாக இருக்கும். (அடிக்குறிப்பு நினைவிருக்கிறதா?) எந்த வழக்கம் லத்திபாவைக் கொல்லப் பார்த்ததோ, அதே வழக்கம்தான் அவளுக்குக் கட்டிலைக் காலி செய்து கொடுத்திருக்கிறது. குருசாமிக்கு என்ன நோய், தேறியிருப்பாரா, எனக்குத் தெரியாது. அவர் கால்மாட்டில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்பதும் தெரியாது.

"அவுக விரல யாராச்சும் பாத்தாகளா?" என்றாள் லத்திபா. அப்போதுதான் முதல் தடவையாக அவள் குரல் உடைந்தது.

7

மாற்று முடிவுகள்.

அ. குருசாமி எப்படியும் பிழைத்திருக்கமாட்டார். [இது எல்லோருக்கும் வசதியான முடிவு. வசதிக்காகவே இதை அடிக்கிறேன்.]

ஆ. குருசாமியின் வீட்டார் மனம் மாறி, அவரைக் கட்டிலிலேயே விட்டுவிடுகிறார்கள். லத்திபாவின் ஜீப் கோட்டயம் போய்ச் சேர்கிறது. கட்டில் இல்லை. சலீம் மறுபடியும் அந்தப் பெருவிரலிடம்—

[இதை என்னால் முடிக்க முடியவில்லை.]

இ. லத்திபா குற்ற உணர்ச்சியால் வாடுகிறாள். இதையும் எழுதிக் காட்டினேன். படித்துவிட்டுத் தாளை என் பக்கம் தள்ளினாள். "நான் எதுக்கு வாடணும்? கட்டில் ஒண்ணுதான்னு வச்சவன் வாடட்டும்," என்றாள்.

அவள் சொன்னதைத்தான் நான் ராஜமணிக்கு எழுதினேன். மருத்துவ வளத்துக்கும் சாவு விகிதத்துக்கும் என்ன உறவு என்று கேட்டீர்களே, இதுதான் உறவு: ஒருவர் இறங்கினால்தான் இன்னொருவர் ஏற முடியும் என்கிற நிலைமை. இதைப் படம் போட முடியாது. வயதைக் கழித்தாலும் இது கழியாது.

அவர் பதில் போட்டார். உணர்ச்சிகரமாக இருக்கிறது, ஆனால் முடிவு இல்லை, ஒரு முடிவு கொடுங்கள் என்று.

சரி. நான் இதை எழுதுகிறவள். கட்டுரையில் எனக்கில்லாத ஓர் அதிகாரம் கதையில் எனக்கு உண்டு. இந்தக் கதையில் அந்த ஆஸ்பத்திரியில் கட்டில் இரண்டு. மெஷின் இரண்டு. ஒன்றில் குருசாமி. பக்கத்தில் லத்திபா. குருசாமியின் கால்மாட்டில் அவர் மகள் உட்கார்ந்து, பாதத்தைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, கேக்குதா?" என்று கேட்கிறாள்.

இது பொய் என்று நீங்கள் சொல்வீர்கள். இருந்தது ஒரே கட்டில்தான், அதை நீங்கள்தானே எழுதினீர்கள் என்பீர்கள். உண்மைதான். உங்களுக்கு அந்த ஒரே கட்டில்தான் வேண்டுமென்றால், இந்தாருங்கள் பேனா. இரண்டு பேரில் யாரை மலையிறக்குவது என்று நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எழுதுவதற்கு முன்னால் அவர்கள் கால் விரலை ஒரு தடவை பாருங்கள். நான் இறக்கமாட்டேன்.