பக்கத்து வீட்டுக்காரி

சுவரில் மாட்டியிருந்த போட்டோவை எட்மண்ட் ஸ்டூல் மேல் ஏறிக் கழற்றினார். நாடகப் போட்டியில் வாங்கிய கேடயத்தோடு சகாயமேரி நிற்கும் போட்டோ. அதைப் பரண் மேல் குப்புறக் கவிழ்த்துவிட்டு இறங்கிக் கையைத் தட்டிக்கொண்டார்.

"நாலு மணிக்கெல்லாம் வந்துடுவாங்க. ஒரு தடவ சொல்லிப் பாத்துக்கலாம். தெரசா, நீ யாரு?"

அவர் மனைவி தெரசா மடக்கு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். "பொண்ணோட அம்மா," என்றாள், குரலே எழும்பாமல்.

"மேரி, நீங்க?"

"பக்கத்து ஊடு," என்றாள் சகாயமேரி. "காபி போட்டுக் குடுக்க வந்தேன்."

அது அவளுடைய வீடு. ஆவடிப் பக்கம் சேக்காட்டில் ஒற்றை அறையும் ஒரு சமையல் மறைப்பும் கொண்ட வாடகை வீடு. பெண் பார்க்க வருவது அவள் பெற்ற ஜெயசீலியை. ஜெயசீலி மூலையில் முதுகைக் காட்டிக்கொண்டு தலை வாரினாள். காலையிலிருந்து அவள் யாரோடும் பேசவில்லை.

எட்மண்ட் ஆவடியில் படைத்துறைத் தொழிற்சாலையில் சார்ஜ்மேன், மேற்பார்வை உத்தியோகம். குவார்ட்டர்ஸ் ஆட்கள் சேர்ந்து நடத்திய உதயதாரகை நாடக மன்றத்துக்குச் செயலாளரும் அவரே, கதாசிரியரும் அவரே, கதாநாயகனும் அவரே. மன்றத்தில் பதினாலு ஆண்கள், எல்லாருக்கும் நிரந்தர உத்தியோகம். பெண் வேஷத்துக்கு மட்டும் வெளியிலிருந்து ஆள் வரும். புருஷன் ஆரோக்கியசாமி செத்தபிறகு சகாயமேரி அப்படி வந்தவள்தான். நோட்டீஸில் அவள் பெயர் மஞ்சுளா. மேடையில் நாற்பத்தாறு வயது எட்மண்டுக்கு நாற்பத்திரண்டு வயது மேரி அம்மா. பதினோரு வருஷத்தில் எத்தனையோ மேடைகளில் அவர் மடியில் தலைவைத்து இறந்திருக்கிறாள். "பெண்ணைப் பூட்டி வைக்கிற பூட்டுக்கெல்லாம் சாவி எங்கே?" என்று அவர் மைக்கில் கர்ஜிக்கும்போது கைத்தட்டல் ஓய ஒரு நிமிஷம் ஆகும்.

ஜெயசீலிக்கு இருபத்துமூன்று. இதற்கு முன் இரண்டு வரன் வந்தது. முதலில் வந்தவர்கள் தண்ணீர் குடித்துவிட்டுப் போனதோடு சரி. அடுத்து வந்தவர்கள் வாசலிலேயே கேட்டார்கள், "நாடகக்காரி பொண்ணா?" என்று. எட்மண்ட் உண்மையாகவே வருத்தப்பட்டார். தானே அலைந்து பூந்தமல்லியில் இந்த வரனைப் பிடித்தார். அம்மாவை மாற்றும் யோசனையும் அவருடையதுதான். கெட்ட எண்ணம் என்று அவரைச் சொல்ல முடியாது. அதனாலேயே மேரியால் மறுக்கவும் முடியவில்லை.

சமையல் மறைப்புக்குள் அவளுக்கு நிலைகொள்ளவில்லை. ஸ்டவ்வின் திரியை ஏற்றினாள், இறக்கினாள். கழுவிய டம்ளர்களையே மறுபடி கழுவினாள். தெரசா உள்ளே வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கு ஒதறுது மேரி. ஏதாச்சும் உளறிட்டா?"

"பயப்படாதீங்க. கைய மடியில வெச்சிக்கினா நடுங்கறது தெரியாது. கேட்டதுக்கு மட்டும் சொல்லுங்க, போதும்."

வாசலில் ஆட்டோ நின்றது. பையன் கிறிஸ்துதாஸ், அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறவன், அவன் அம்மா வியாகுலம், அவளுடைய அண்ணன். எட்மண்ட் வரவேற்று உட்கார வைத்தார். ஜெயசீலியைக் கூப்பிட்டுப் பாயில் உட்காரச் சொன்னார்கள். வியாகுலம் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டுத் தெரசா பக்கம் திரும்பினாள்.

"கொழந்தையில சீக்கு எதுனா வந்துச்சாம்மா?"

"அதெல்லாம் இல்லீங்க. காய்ச்சல் சளிதான்."

திரைக்குப் பின்னால் மேரி முந்தானையைப் பல்லில் கடித்துக்கொண்டாள். ஏழு வயதில் மஞ்சள் காமாலை. இருபது நாள் ஆஸ்பத்திரித் தரையில் பிள்ளைக்குப் பக்கத்தில் படுத்துக் கிடந்தவள் அவள். அந்த இருபது நாளை இப்போது யாரோ ஒரே வாக்கியத்தில் இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

"பக்கத்து வீட்டம்மா, காபி கொண்டாங்க," என்று எட்மண்ட் குரல் கொடுத்தார்.

மேரி தட்டோடு வெளியே வந்தாள். அடுத்த வீட்டு விசேஷத்தில் ஒத்தாசை செய்கிறவள் எப்படி வருவாளோ அப்படி, பார்வையைத் தாழ்த்தி, அவசரமும் இல்லாமல் தயக்கமும் இல்லாமல் நடந்தாள். பதினோரு வருஷத்தில் இவ்வளவு நன்றாக அவள் நடித்ததில்லை.

வியாகுலம் டம்ளரை எடுக்கவில்லை. மேரியின் முகத்தையே பார்த்தாள்.

"நீ மஞ்சுளாதானே? மாதா திருநாளுக்கு எங்க தெருவுல நாடகம் போட்டீங்களே. நீ சாவுற சீனுல நான் மூக்கச் சிந்திகினே இருந்தேன்."

எட்மண்ட் பாதி எழுந்துவிட்டார். வியாகுலம் கையமர்த்தினாள்.

"குந்துங்க சார். எல்லாம் விசாரிச்சிகினுதான் வந்தோம். பொண்ணு யாரு பெத்ததுன்னு தெரியும்."

மேரிக்கு மூச்சு லேசாயிற்று. தெரிந்தும் வந்திருக்கிறார்கள். தன்னை இப்போது உட்காரச் சொல்வார்கள் என்றுகூட நினைத்துவிட்டாள்.

"பொண்ணு புடிச்சிகீது," என்றாள் வியாகுலம். "சார் பண்ண ஏற்பாடும் எங்களுக்குப் புடிச்சிகீது. கோயில்ல கல்யாண ஓலை வாசிக்கிறப்ப சகாயமேரி மகள்னுதான் படிப்பாங்க. படிக்கட்டும். சகாயமேரி யாருன்னு எவனுக்குத் தெரியும்? எல்லாருக்கும் மஞ்சுளாவத்தான் தெரியும். கல்யாணத்தன்னிக்கி இந்தம்மாவே தாயா நிக்கட்டும். அதுக்கப்பறமும் அப்டியே. நீ எங்க ஊட்டுப் பக்கம் வர வேணாம். பொண்ணு வேணும்னா எப்பனா வந்து பாத்துட்டுப் போவட்டும். எங்களுக்கும் நாலு சனம் கீதில்ல. இன்னா சொல்றே?"

எட்மண்டின் முகத்தில் நிம்மதி பரவியது. மேரியைப் பார்த்து, சரி என்று சொல்லுங்கள் என்பதுபோல் மெல்லத் தலையாட்டினார்.

மேரி மகளைப் பார்த்தாள். பேரக்குழந்தை பிறந்தால் எங்கே போய்ப் பார்ப்பது என்று ஒரு நினைப்பு ஓடியது. மூன்றாவது வரன் என்பதும் நினைவுக்கு வந்தது. கொடுத்த வசனத்தைச் சொல்லியே பழகிய வாய். "சரிங்க" என்ற சொல் தொண்டை வரை வந்துவிட்டது.

அதற்குள் ஜெயசீலி பாயிலிருந்து எழுந்தாள். அம்மா கையிலிருந்த தட்டை வாங்கினாள். ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு டம்ளர் வைத்தாள்.

"எங்கம்மா போட்ட காபி. ஆறிடப் போவுது. குடிச்சிட்டுக் கெளம்புங்க."

பையனின் மாமன் முகம் சிவந்தார். "உங்கம்மாவ ஒரு கேள்வி கேட்டாங்க. பதில் வரல, நீ பாட்டுக்குக் காபிங்கற?"

"பதிலுதாங்க சொன்னேன்."

கிறிஸ்துதாஸ் டம்ளரை எடுத்து உதட்டருகே கொண்டுபோயிருந்தான். அம்மா எழுந்ததைப் பார்த்ததும் கீழே வைத்துவிட்டான். ஒரு வாய் குடித்திருக்கலாம். மூன்று பேரும் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்கள்.

எட்மண்ட் வாசல் வரை போய்த் திரும்பி வந்தார். "எவ்ளோ அலஞ்சி கொண்டாந்த வரன். உங்க நல்லதுக்குத்தானே செஞ்சேன், மேரி," என்றார். "சரி, விடுங்க. ஞாயித்துக்கிழமை ஒத்திகை இருக்கு. மனசுல எதுவும் வெச்சிக்காம வந்துடுங்க."

"இன்னா வேஷம் சார்?"

"வழக்கம்போலத்தான். என் அம்மா."

மேரி ஆறிப்போன டம்ளர்களை ஒவ்வொன்றாகத் தட்டில் அடுக்கினாள்.

"நான் வரல சார். ஊட்லயே ஆள வெச்சிகினு எதுக்கு வெளியில தேடறீங்க? தெரசாம்மா இன்னிக்கி நல்லாத்தானே பண்ணாங்க. அவங்களையே நிக்க வைங்க."

"அதெப்படி மேரி? குடும்பத்துப் பொம்பள போயி மேடையில..."

எட்மண்ட் சட்டென்று நிறுத்தினார். பிறகு அவர் வாசலுக்குப் போய்ச் செருப்பைப் போட்டுக்கொண்டு மனைவியைக் கூப்பிட்டார். மறுபடியும் கூப்பிட்டார்.

தெரசா ஜெயசீலி பக்கத்தில் பாயில் உட்கார்ந்து, ஒரு டம்ளரை எடுத்து ஆறின காபியைக் குடித்துக்கொண்டிருந்தாள்.